பேஷண்ட் வரவில்லை

இன்சுலின் சிரிஞ்சோடு கட்டிலருகே குனிந்தபோது அந்த அம்மா என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். பக்கத்து மலைக்கிராமமான வடகவுஞ்சியைச் சேர்ந்தவர். கணவருக்குச் சர்க்கரை எக்கச்சக்கமாக ஏறிப்போய் எங்கள் வார்டில் சேர்த்திருந்தார்கள். பூண்டு போட்ட நிலத்தை அப்படியே விட்டுவிட்டு, மூன்று நாளாக அவரோடுதான் இருந்தார்.

"வெள்ளனே போட்டுட்டுத்தான போனீங்க சிஸ்டர்? மறுக்காவும் எதுக்கு?"

போட்டேனா? எனக்குச் சுத்தமாக நினைவில்லை. சார்ட்டைப் புரட்டினேன், என் கையெழுத்து இல்லை. போட்டு முடித்த ஊசிகளை எறிகிற பெட்டியைப் பார்த்தேன், மேலாக ஒரு சிரிஞ்சு கிடந்தது. அந்த அம்மாவுக்குப் பொய் சொல்ல வேண்டிய அவசியம் ஏதும் இல்லை. இரண்டாவது ஊசியும் இறங்கியிருந்தால் சர்க்கரை சரிந்து மனிதர் போயே போயிருக்கலாம். அவருக்கு இட்லி கொடுக்கச் சொல்லிவிட்டு மதியம் வரை அந்தக் கட்டிலையே சுற்றிச் சுற்றி வந்தேன். எப்படியும் கடைசி நொடியில் நானே சுதாரித்திருப்பேன் என்று எனக்குள் சொல்லிக்கொண்டேன். அதை எத்தனை தடவை சொல்லிக்கொண்டேன் என்று கேட்காதீர்கள்.

அதற்கு நாலு மாதம் முன்பிருந்தே தூக்கம் போய்விட்டது. வீட்டைப் பூட்டிவிட்டு ஏரி வரை நடந்து போய், பூட்டினேனா என்று திரும்பி வருவேன். கழிவறைக்குள் போய்க் காரணமில்லாமல் அழுவேன். அழுது முடித்ததும் எதற்கு அழுதோம் என்று யோசித்தால் ஒன்றும் வராது. பதினாறு வருஷ நர்ஸ் நான். கொடைக்கானல் குளிரில் நடுங்குகிறவரையும் காய்ச்சலில் நடுங்குகிறவரையும் வாசலிலேயே பிரித்துச் சொல்லிவிடுவேன். என் விஷயத்தில் மட்டும் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. இது வியாதியா, அலுப்பா, இல்லை வெறும் கொழுப்பா?

சரி, யாரிடமாவது காட்டுவோம் என்றால் எங்கே போவது? எங்கள் ஊரில் மன நிம்மதிக்குப் பஞ்சமே இல்லை. திரும்பிய பக்கமெல்லாம் தியானம், ஹீலிங் என்று போர்டு வைத்திருக்கிறார்கள். ஒரு இடத்துக்குப் போன் போட்டேன். ஒரு மணி நேரம் பேசுவதற்கு அவர்கள் சொன்ன தொகை எனக்குப் பத்து நாள் சம்பளம். அதுவும் ஆறு தடவையாவது வர வேண்டுமாம். என் நிம்மதி முதல் தடவையிலேயே போய்விடும் என்று போனை வைத்துவிட்டேன். ஊருக்குள் இருக்கிற அரசு ஆஸ்பத்திரியில் இலவசமாகப் பார்க்கலாம்தான். ஆனால் என்னோடு படித்தவர்கள் இரண்டு பேர் அங்கே வேலை பார்க்கிறார்கள். நான் சீட்டு வாங்கி முடிப்பதற்குள் செய்தி என் வார்டுக்கு வந்து சேர்ந்திருக்கும். மனநல மாத்திரை சாப்பிடுகிற நர்ஸ் கையில் ஊசியை யார் கொடுப்பார்கள்?

அதனால் பல்வலி என்று பொய் சொல்லி ஒரு நாள் டியூட்டியை மாற்றிக்கொண்டேன். வத்தலக்குண்டில் இறங்கி இன்னொரு பஸ் பிடித்து, என்னைத் தெரியாத ஊரின் அரசு ஆஸ்பத்திரிக்குப் போனேன். மனநல டாக்டர் வாரத்தில் ஒரு நாள்தான் அங்கே வருவார். ஓ.பி. சீட்டுக்கு என் பெயரையும் வயதையும் ஒழுங்காகத்தான் சொன்னேன். அதுவரை எல்லாம் சரி.

டாக்டர் என்னைவிடச் சின்னவர். "சொல்லுங்க," என்றார்.

எங்களுக்கு ஷிஃப்ட் மாறும்போது அடுத்த நர்ஸிடம் வார்டை ஒப்படைக்கிற வழக்கம் உண்டு. ஒவ்வொரு கட்டிலாக நின்று வயது, தொந்தரவு, எத்தனை நாளாக, இனி என்ன கவனிக்க வேண்டும் என்று மூச்சு விடாமல் சொல்லி முடிப்போம். பதினாறு வருஷம் அப்படிச் சொல்லிப் பழகிய வாய். டாக்டர் கேட்டதும் நான் நாற்காலியில்கூட உட்காரவில்லை. கையைக் கட்டி நின்றுகொண்டு ஆரம்பித்துவிட்டேன்.

"பேஷண்ட் முப்பத்தெட்டு வயசு பெண் சார். நாலு மாசமா தூக்கமில்ல. சாப்பாடு குறைஞ்சிருக்கு. மறதி இருக்கு. அடிக்கடி அழறாங்க. பிரஷர் நார்மல்."

அவர் தலையாட்டிக்கொண்டே எழுதினார். பிறகு நிமிர்ந்து கதவைப் பார்த்தார். "பேஷண்ட் வரலையா? உங்களுக்கு என்ன வேணும் அவங்க?"

"அக்கா சார்," என்றேன். எனக்கு அக்காவே கிடையாது.

பேஷண்டைப் பார்க்காமல் மாத்திரை எழுத முடியாது, அடுத்த வாரம் கூட்டி வாருங்கள் என்று மரியாதையாகச் சொல்லிச் சீட்டைத் திருப்பிக் கொடுத்தார். நானும் சரி சார் என்று அதை வாங்கி மடித்துக்கொண்டு வெளியே வந்துவிட்டேன். வராண்டாவைத் தாண்டி, கேட்டையும் தாண்டின பிறகுதான் என்ன செய்தேன் என்று உறைத்தது. அடிப் பாவி, இத்தனை தூரம் இறங்கி வந்து அக்காவுக்கா மருந்து கேட்டாய்?

கேட் ஓரத்தில் ஆயக்குடிக் கொய்யா விற்றுக்கொண்டிருந்தார்கள். ஒன்று வாங்கி மிளகாய்ப்பொடி தூவித் தின்றேன். பசியா என்று தெரியவில்லை, ஆனாலும் தின்றேன். திரும்பி உள்ளே போனால் பொய்க்காரி என்பார். போகாவிட்டால்? அடுத்த வாரம் யாரும் டியூட்டி மாற்றித் தர மாட்டார்கள். பல்வலியை இரண்டு முறை சொல்ல முடியாது. அது போகட்டும். அந்த வடகவுஞ்சி அம்மா போன வாரமே கணவரைக் கூட்டிக்கொண்டு ஊருக்குப் போய்விட்டார். நாளைக் காலையில் அந்தக் கட்டிலில் வேறு யாரோ இருப்பார், கூட ஆளில்லாமல்கூட இருப்பார். என் கையை யார் பிடிப்பது?

மிச்சமிருந்த பாதிக் கொய்யாவைக் கீழே போட்டுவிட்டு உள்ளே ஓடினேன். டாக்டர் பையை மூடிக்கொண்டிருந்தார். கதவருகே இருந்த நர்ஸ், பேஷண்டைக் கூட்டி வந்துவிட்டீர்களா என்று எனக்குப் பின்னால் எட்டிப் பார்த்தார். நானும் கூடவே திரும்பிப் பார்த்தேன். பிறகு போய் நாற்காலியில் உட்கார்ந்தேன்.

டாக்டர் சீட்டை வாங்கி, பெயரையும் என் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார். அவர் திட்டவில்லை. பையைக் கீழே வைத்தார்.

"பேஷண்ட்னு சொல்லாமச் சொல்லுங்கம்மா."

எனக்கு, என்று ஆரம்பித்தேன். தூக்கமில்லை என்றோ மறதி என்றோ சொல்லியிருக்கலாம், அதெல்லாம் அவர் ஏற்கெனவே எழுதி வைத்திருந்ததுதான். வாயில் வந்தது வேறு.

"அந்தம்மா கையப் பிடிக்கலன்னா, நான் போட்டிருப்பேன் சார்."

எந்த அம்மா, எதைப் போட்டிருப்பேன் என்று அவருக்கு எதுவும் தெரியாது. பேனாவை மூடி வைத்துவிட்டு, நாற்காலியை என் பக்கம் இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.