ஒற்றைப் பிளக் சமையல்

வீட்டுச் சாமான்களை இடம் மாற்றிக் கொடுக்கும் கம்பெனியில் அவருக்குப் பெயர் பீரோ. பத்தொன்பது வருடங்களுக்கு முன்பு, வேலைக்குச் சேர்ந்த முதல் வாரத்திலேயே, இரண்டு பேர் மூச்சு முட்டிக்கொண்டிருந்த ஓர் இரும்பு பீரோவை முதுகில் பட்டை கட்டித் தனியாளாக மூன்றாவது மாடிக்கு ஏற்றிவிட்டார். அன்றைக்கு ஒட்டிக்கொண்ட பெயர், பிறகு உரிக்க வரவில்லை. சம்பளச் சீட்டில் மட்டும் வேறு பெயர் இருக்கும். அதைப் பார்க்கும்போது யாரோ மூன்றாம் மனிதரின் சீட்டைத் தெரியாமல் வாங்கிவிட்டது போல அவருக்கே கூச்சமாக இருக்கும்.

மனைவியும் மகளும் ரயிலில் ஐந்து மணி நேரம் போகவேண்டிய ஊரில் இருந்தார்கள். மாமனார் படுத்த படுக்கை. அவரையும் பார்த்துக்கொண்டு, ஒரு தையற்கூடத்தில் சட்டைகளுக்குப் பொத்தான் துளை போடும் மெஷினையும் ஓட்டிக்கொண்டிருந்தாள் மனைவி. ஆகவே பீரோ இங்கே மொட்டை மாடியில் ஒற்றை அறை எடுத்துத் தங்கியிருந்தார். ஒரு கட்டில், ஒரு ஜன்னல், சுவரில் ஒரே ஒரு பிளக். கட்டிலில் உட்கார்ந்தபடியே நான்கு சுவரையும் தொட்டுவிடலாம் என்று மகளிடம் பெருமையாகச் சொல்லியிருந்தார். வீட்டுக்காரர் மின்சார அலுவலகத்தில் முப்பது வருடம் மீட்டர் கணக்கெடுத்து ஓய்வு பெற்றவர். தெருவே அவரை மீட்டர் சார் என்றுதான் அழைத்தது. அறைச் சாவியைக் கொடுத்த அன்றே அவர் சட்டத்தையும் சொல்லிவிட்டார்: "அடுப்பு கூடாது. நெருப்பு கூடாது. புகை கூடாது."

பீரோ அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. அவருக்குத்தான் வெந்நீர் வைக்கவே தெரியாதே. காலையில் இரண்டு டீ, பதினோரு மணிக்குப் பொரித்தது ஏதாவது, மத்தியானம் அதன் அண்ணன் தம்பி, ராத்திரி பன். வயிறு நிறைந்தால் சரி என்று வண்டி ஓடிக்கொண்டிருந்தது.

அந்த வண்டி ஒருநாள் மாடிப்படியில் நின்றது. இரண்டாவது மாடிக்கு ஒரு ஃபிரிட்ஜை ஏற்றிக்கொண்டிருந்தார்கள். மேலே பீரோ, கீழே இன்னொருவர். பாதிப் படியில் பீரோவுக்குக் கண் இருட்டிக்கொண்டு வந்தது. காதுக்குள் யாரோ விசில் அடிப்பது போலிருந்தது. "இறக்கு" என்று மட்டும் சொன்னார். எப்படியோ ஃபிரிட்ஜைத் திருப்பத்தில் நிறுத்திவிட்டு, அதைக் கட்டிக்கொண்டே சரிந்து உட்கார்ந்துவிட்டார். ஃபிரிட்ஜுக்கு ஒரு கீறல் இல்லை. அதை நினைத்து மேனேஜருக்கு நிம்மதி. ஆனால் மனிதர் நல்லவர்.

"டாக்டர் லெட்டர் கொண்டு வர்ற வரைக்கும் நீ வெயிட்டே தொடக்கூடாது, பீரோ. சொல்லிட்டேன்."

ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா ரத்தம் எடுத்துப் பார்த்துவிட்டுக் கேட்டார்: "அன்னைக்குக் காலையில என்ன சாப்பிட்டீங்க?"

"ரெண்டு டீ, மேடம்."

"அது சாப்பாடா?"

"ஒவ்வொண்ணுக்கும் நாலு ஸ்பூன் சக்கரை போட்டுத்தான் குடிச்சேன்."

டாக்டரம்மா பேனாவைக் கீழே வைத்தார். "சுகர் வாசல்ல வந்து நிக்குது. உள்ள கூப்பிடறதும் வந்த வழியே அனுப்பறதும் உங்க கையிலதான். ரத்தத்துல சத்தும் இல்ல. காய், கீரை, பருப்பு, முட்டை இதெல்லாம் சாப்பிடுங்க. மூணு மாசம் கழிச்சு வாங்க, லெட்டரைப் பத்தி அப்பப் பேசுவோம்."

"ரூம்ல அடுப்பு கிடையாதுங்களே."

"யோசிங்க. பீரோவையே மாடிக்கு ஏத்தறவரு, ஒரு முட்டைய வேக வெக்க மாட்டீங்களா?"

மூன்று மாதத்துக்கு அவரைச் சமையலறைச் சாமான் கட்டும் வேலையில் போட்டார்கள். அங்கே எல்லோரும் காகித அக்கா என்று அழைக்கும் பெண் வைத்ததுதான் சட்டம். தட்டு, கிண்ணம், கண்ணாடி எதுவானாலும் ஒரே வீச்சில் காகிதத்தில் சுருட்டிவிடுவாள். அவள் கட்டிய பெட்டியை மாடியிலிருந்து போட்டாலும் உள்ளே ஒரு கோப்பை முனகாது என்பார்கள். பீரோ முதல் நாளே மூன்று கோப்பைகளை உடைத்தார். அதில் ஒன்றை நிஜமாகவே தொட மட்டும்தான் செய்திருந்தார்.

"தம்பி, அதைப் பிடிக்கணும். நசுக்கக் கூடாது," என்றாள் அக்கா.

ஆனால் அந்த வேலையில் அவருக்கு ஒரு புது உலகம் திறந்தது. பத்தொன்பது வருடமாக அவர் பார்த்த வீடுகளில் பீரோவும் கட்டிலும்தான் இருந்தன. இப்போதுதான் மனிதர்களின் சமையலறைக்குள் நுழைகிறார். ஒரு வீட்டில் நான்கு பர்னர் அடுப்பு. ஒட்டின ஸ்டிக்கர் கூடப் பிரிக்கவில்லை, குப்பைத் தொட்டி நிறைய ஓட்டல் டப்பா. இன்னொரு வீட்டில் ஒரு கரண்ட் அடுப்பு, இரண்டு பாத்திரம். ஆனால் அலமாரி முழுக்கப் பயறு, பருப்பு, கடலை என்று பாட்டில் பாட்டிலாக நின்றன. அந்த வீட்டுப் பிள்ளைகள் பந்து மாதிரி துள்ளிக்கொண்டிருந்தார்கள்.

பீரோ ஒவ்வொரு பாட்டிலையும் தூக்கிக் கேட்பார்: "அக்கா, இது என்ன? இதை ஊற வெக்கணுமா? எத்தனை நேரம்?"

"கல்யாணத்துக்குப் பொண்ணு பாக்கற மாதிரி பாக்காதே. சுத்தி உள்ள வை," என்பாள் அக்கா. ஆனாலும் சொல்லிக்கொடுப்பாள்.

முதல் முயற்சி ஒரு கரண்ட் கெட்டிலில் நடந்தது. முட்டை அதில் ஒழுங்காக வெந்துவிட்டது. அந்தத் தைரியத்தில் மறுநாள் பருப்பைப் போட்டார். கெட்டில் பொங்கியது, நுரை தள்ளியது, ஜன்னல் திட்டு வழியாகக் கட்டிலுக்கு இறங்கியது, கடைசியாக ஒரு சின்ன ஏப்பம் விட்டு உயிரை விட்டது. போனில் இதைச் சொன்னதும் மனைவி சிரித்த சிரிப்பில் பேச முடியாமல் போனை மகளிடம் கொடுத்துவிட்டாள்.

"அப்பா, தலையணையும் வெந்துடுச்சா?" என்றாள் மகள்.

பிறகு ஒரு வீடு வந்தது. ஊரை விட்டே போகிற இளம் தம்பதி. வேண்டாத சாமான்களை ஒரு பெட்டியில் போட்டு மூலையில் வைத்திருந்தார்கள். அதன் உச்சியில் ஒரு சின்ன ரைஸ் குக்கர். மேலே ஆவியில் வேகவைக்கிற துளைத்தட்டுடன். மூடியில் குமிழ் மட்டும் இல்லை. வாடிக்கையாளரிடம் எதையும் கேட்கக்கூடாது என்பது கம்பெனி விதி. பத்தொன்பது வருடத்தில் அவர் ஒரு குவளைத் தண்ணீருக்கு மேல் கேட்டதில்லை. அந்தப் பெட்டியைச் சுற்றி மூன்று தடவை நடந்தார். காகித அக்கா பார்த்துக்கொண்டே இருந்தாள். "கேளு தம்பி. வாய்க்குப் பூட்டா போட்டிருக்கு?"

அவர் குக்கரைக் கையில் எடுத்துக்கொண்டு போய் அந்தப் பெண்ணிடம் நின்றார். "மேடம், இதை எந்தப் பெட்டியில வெக்கணும்?"

"அது குப்பைக்குங்க."

பீரோ தொண்டையைச் செருமினார். "குப்பைக்குப் போற வழியிலதான் மேடம் என் ரூம் இருக்கு."

அந்தப் பெண்ணுக்குப் புரிய ஒரு கணம் ஆயிற்று. புரிந்ததும் சிரித்துவிட்டாள். "எடுத்துக்கோங்க அண்ணா. நல்லா வேலை செய்யும். கீழ சோறு வெச்சா மேல காய் தானா வெந்துடும். எங்க மூணு வருஷக் குடித்தனமே இதுலதான் ஓடிச்சு." அன்று மாலையே ஒரு பழைய இழுப்பறையின் மரக்குமிழை மூடியில் திருகி மாட்டினார் பீரோ. குக்கருக்குத் தொப்பி வைத்த மாதிரி இருந்தது.

முதல் சோறு கூழாகிவிட்டது. அரிசிக்கு மேல் விரலின் முதல் கணு வரைக்கும் தண்ணீர் என்று மனைவி சொல்லியிருந்தாள். அப்படியே செய்தார்.

"உங்க விரலுக்கு இல்லைங்க. மனுஷங்க விரலுக்கு," என்றாள் மனைவி. "ஒரு கோடு குறைச்சு ஊத்துங்க."

இரண்டு வாரத்தில் கை பழகிவிட்டது. காலையில் வேலைக்குக் கிளம்பும்போதே பயறையோ கடலையையோ ஊறப் போட்டுவிடுவார். மாலையில் திரும்பும் வழியில் சந்தை. கடையைக் கட்டுகிற நேரத்துக்குச் சரியாகப் போய் நிற்பார்; கோணல் கேரட், அடிபட்ட தக்காளி, தலை தொங்கிய கீரை எல்லாம் அந்த நேரத்தில் மலிவாகக் கைக்கு வந்துவிடும். ஃபிரிட்ஜ் இல்லாததால் அன்றன்றைக்கு வேண்டியது மட்டும். கீரைக்காரம்மா அவர் தலை தெரிந்ததுமே ஒரு கட்டை ஈரத்துணியில் சுற்றி எடுத்து வைத்துவிடுவாள். அறைக்கு வந்து குக்கரில் அரிசி ஒரு பங்கு, பருப்பு இரண்டு பங்கு. மேல் தட்டில் காயும் கீரையும், ஓரத்தில் கழுவிய முட்டை. அவர் குளித்து, துணி அலசிப் போட்டு வருவதற்குள் எல்லாம் சேர்ந்து வெந்திருக்கும். பொரித்ததை நாக்கு தேடாமலில்லை. முதல் வாரம் அந்தக் கடைப் பக்கம் போகாமல் வேறு தெருவைச் சுற்றிக்கொண்டு வந்தார். காலை டீக்கு முன்னால் ஒரு முட்டையும் முந்தின நாள் பயறும் உள்ளே போனதும், பதினோரு மணிப் பசி தானாகச் சுருண்டு படுத்துவிட்டது.

ஒருநாள் மாலை குக்கரின் ஸ்விட்சைத் தட்டினார். படக்கென்று வீடு முழுக்க விளக்கு போயிற்று. ஐந்து நிமிடத்தில் வாசலில் மீட்டர் சார், கையில் டெஸ்டருடன். "இங்க என்ன ஓடுது?"

மறைக்க இடமில்லை. "குக்கர் சார். அடுப்பு, நெருப்பு, புகை கூடாதுன்னீங்க. இதுல மூணும் இல்லை."

"சட்டம் பேசறியா?" என்றார் மீட்டர் சார். ஆனால் மூக்கு லேசாக விரிந்தது. குக்கர் தட்டில் அரிந்து வைத்திருந்த பச்சைக் கீரை வாசனை. "நான் கீழ தண்ணி மோட்டர் போட்ட நேரத்துல நீ இதைப் போட்டிருக்கே. ஃபியூஸ் தாங்குமா? எவ்வளவு கரண்ட் இழுக்குது இது?"

"தெரியாது சார்."

"எனக்கும் தெரியாம விட முடியாது. வா."

ஃபியூஸைப் போட்டார். குக்கரைத் தவிர வீட்டில் எல்லாவற்றையும் அணைக்கச் சொன்னார். பிறகு இருவரும் இருட்டுப் படிக்கட்டின் கீழே மீட்டர் பெட்டிக்கு முன்னால், யாருக்கோ அஞ்சலி செலுத்துவது போல நின்றார்கள். சார் சிவப்பு விளக்கு மினுக்குவதை விரல்விட்டு எண்ணிக்கொண்டிருந்தார். முப்பது வருட உத்தியோகம். கண்ணை எடுக்கவே இல்லை. சோறு ஆயிற்று என்று மேலே 'டக்' சத்தம் கேட்டது.

"கால் யூனிட்கூட ஆகலை," என்றார் சார், சற்று ஏமாற்றத்தோடு. பிறகு தலை நிமிர்ந்து மாடிப்படிக் குண்டு பல்பைப் பார்த்தார். "ராத்திரி பூரா எரியற அந்தச் சனியன் இதைவிட ஜாஸ்தி திங்குது."

மறுநாள் அந்த பல்பை மாற்றிவிட்டார். மோட்டர் ஓடும்போது குக்கர் கூடாது என்று ஒரு புதுச் சட்டம் வந்தது. அதோடு, பழைய பிளக் இளகிக் கிடந்ததைப் பார்த்துவிட்டு, கனமான ஒயர் இழுத்துப் பெரிய பிளக் ஒன்றைத் தன் கையாலேயே பொருத்திக் கொடுத்தார்.

வேலையிடத்தில் பீரோவின் டிபன் டப்பாவைத் திறந்தால் முளைவிட்ட பயறு, வெள்ளரி, வெங்காயம், எலுமிச்சை வாசம். "பீரோவுக்குள்ள இப்ப கீரை அடுக்கறாங்கப்பா," என்று கேலி செய்தார்கள். ஒரு வாரம் கேலி ஓடியது. அடுத்த வாரம் லாரி டிரைவர் ஒரு ஸ்பூனோடு வந்து பக்கத்தில் உட்கார்ந்தார்.

மூன்று மாதம் கழித்து டாக்டரம்மா காகிதங்களைப் புரட்டினார். சுகர் வாசற்படியை விட்டு இறங்கியிருந்தது. ரத்தத்திலும் சத்து ஏறியிருந்தது. பிரஷர் மட்டும் இன்னும் கொஞ்சம் முறைத்துக்கொண்டிருந்தது. "இப்ப ஒரு நாளைக்கு எத்தனை டீ?"

"ஒண்ணு மேடம்."

"ஒண்ணா?"

"ஒண்ணரை."

லெட்டர் கிடைத்தது. மறுநாள் காகித அக்காவிடம் சொல்லிக்கொள்ளப் போனார். "போய்ட்டு வா தம்பி. இங்க மிச்சமிருக்கிற கோப்பையாவது பொழைக்கட்டும்," என்றாள். சொல்லிவிட்டு, முளைகட்டுவதற்கென்று ஒரு துண்டு மெல்லிய துணியை ஓரம் தைத்து அவர் கையில் கொடுத்தாள்.

பள்ளிக்கூட விடுமுறை வந்தது. மைத்துனர் வந்து மாமனாருக்குத் துணையாக இரண்டு நாள் இருப்பதாகச் சொல்ல, மனைவியும் மகளும் ரயிலேறி வந்தார்கள். மூன்று பேருக்குச் சின்னக் குக்கர் போதாது. அதனால் பந்தி பந்தியாகத்தான் சாப்பாடு. முதல் பந்தி மகள். இரண்டாவதில் மனைவி தட்டை எடுத்து அவர் பக்கம் நகர்த்தினாள்.

"நீங்க சாப்பிடுங்க. நான் கடைசியில சாப்பிட்டுக்கறேன்."

"உக்காரும்மா. சூடு ஆறிடும்."

கல்யாணமாகிப் பதினேழு வருடத்தில் அவள் சுடச்சுட, யாரோ பரிமாற, உட்கார்ந்து சாப்பிடுவது அவர் கண்ணில் பட்டதே இல்லை. ஒரு வாய் எடுத்தாள். மென்றாள். அவர் பரீட்சை எழுதிய பிள்ளை மாதிரி நின்றார்.

"உப்பு கம்மி."

"டாக்டர் சொன்னது."

"அப்ப சரி." குனிந்து சாப்பிட்டாள். பிறகு தட்டை இன்னொரு தடவை நீட்டினாள்.

மகள்தான் குட்டை உடைத்தாள். "அம்மா வீட்டுல இவ்வளவு சாப்பிடறதே இல்லப்பா. காலையில ஒண்ணுமே கிடையாது. பஸ்ல போகும்போது ரெண்டு பிஸ்கட்."

"இவ ஒருத்தி," என்றாள் மனைவி. "தாத்தாவைக் கழுவி விட்டு, இவளை அனுப்பி, பஸ்ஸைப் பிடிக்கணும். அப்புறம் எங்க நேரம்?"

பீரோ கரண்டியைக் கீழே வைத்தார். அவளுடைய மணிக்கட்டைப் பார்த்தார். வளையல் முழங்கை வரைக்கும் ஓடியது. இத்தனை நாளும் தன் ரத்தம், தன் சுகர் என்றே பேசிக்கொண்டிருந்தது அவருக்கு வெட்கமாக இருந்தது. திட்டவில்லை. அன்று மாலை சந்தைக்குப் போய்ப் பயறு, கடலை, மூன்று வகைப் பருப்பு வாங்கி, பாட்டில்களில் நிரப்பி, காகிதத்தில் சுருட்டி அவள் பையில் அடுக்கினார். ஒரு பாட்டில்கூட உடையவில்லை.

இப்போது தினமும் காலை ஏழு மணிக்கு அவர் போன் போகிறது. "சாப்பிட்டியா?" என்றால் அவள் "ஆச்சு" என்று சொல்லிவிடுவாள் என்பதால், போனை மகளிடம் கொடுக்கச் சொல்லி சாட்சி விசாரிப்பார். முதல் சில நாள் சாட்சி உண்மையைச் சொல்ல, வீட்டில் சின்னச் சண்டையே நடந்தது. போன வாரம் ஒருநாள் மணி அடித்துக்கொண்டே இருந்தது, எடுக்கவில்லை. மறுபடி அடித்தார். எடுத்தவளின் குரல் குழறியது.

"என்னம்மா, என்னாச்சு? பேச்சே புரியலையே."

"கொஞ்சம் இருங்க," என்றாள் மனைவி. "வாயில முட்டை இருக்கு."