சிப்பிக்குப் பின்னால் ஒரு புள்ளி

போன ஞாயிற்றுக்கிழமை, மணப்பாட்டில் அண்ணன் வீட்டில் மைனி வைக்கிற சீலா மீன் குழம்புக்குப் புறப்பட்டிருக்க வேண்டியவள் நான். அதற்குப் பதில் காலை ஏழரை மணிக்கு கல்லூரி ஆய்வகத்து இருட்டறை ஒன்றில் ஃபேன் இல்லாமல் உட்கார்ந்திருந்தேன். மே மாதம். தூத்துக்குடி. ஃபேன் இல்லை. மூன்றையும் சேர்த்து ஒருமுறை படித்துப் பாருங்கள்.

காரணம், என் வீட்டுக்காரர். இந்தப் பக்கத்தை வாராவாரம் படிக்கிறவர்களுக்கு அவரைத் தெரியும். புதிதாக வந்தவர்களுக்குச் சொல்கிறேன் — கல்லூரியில் இயற்பியல் பேராசிரியர், லேசர் கிறுக்கு, கேஸ் தீர்ந்தால் சிலிண்டர் மாற்றத் தெரியாதவர். இவ்வளவு தெரிந்தால் போதும்.

ஃபேன் ஏன் கூடாது என்று கேட்டேன். காற்று அசைந்தால் ஒளி அசையுமாம். ஏசி? அதன் மோட்டார் மேசையை ஆட்டுமாம். ஜன்னல்? அவர் பார்த்த பார்வையில் நான் அடுத்த கேள்வியே கேட்கவில்லை.

எட்டாம் வகுப்பில் நமக்கெல்லாம் என்ன சொல்லிக் கொடுத்தார்கள்? ஒளி நேர்கோட்டில் செல்லும். எழுதினோம், மார்க் வாங்கினோம், மறந்தோம். நான் மட்டும் இந்த மனிதரைக் கட்டிக்கொண்டு மாட்டிக்கொண்டேன். நேர்கோடு எல்லாம் வழியில் ஒன்றும் குறுக்கிடாத வரைக்கும்தானாம். நடுவில் பால், தோல், சிப்பி ஓடு என்று ஏதாவது வந்துவிட்டால், உள்ளே புகுந்த ஒளி கணக்கில்லாமல் முட்டி மோதி, திக்குத் தெரியாமல் சிதறித்தான் வெளியே வரும். அதனால்தான் சிப்பிக்கு அந்தப் பக்கம் இருப்பது நமக்குத் தெரிவதில்லை.

சிப்பி ஓட்டிலிருந்து மெல்லிசாகச் சீவியெடுத்த ஒரு சீவலுக்குள் அப்படிச் சிதறுகிற ஒளியை மறுபக்கத்தில் ஒரே ஒரு புள்ளியில் கூட்டிக் காட்டுவதுதான் அவருடைய ஆராய்ச்சி. ஆறு வருஷமாக!

எப்படி? தேர் பார்த்துவிட்டுக் கூட்டம் கலைகிறது. ஆளுக்கொரு சந்தில் புகுந்து போகிறார்கள். அத்தனை பேரும் ஒரே டீக்கடைக்கு ஒரே நொடியில் வந்து சேர வேண்டும். சந்துகளை மாற்ற முடியாது. யார் எப்போது கிளம்ப வேண்டும் என்பதை மட்டும் நாம் சொல்லலாம். ஒளிக்கு அப்படிச் சொல்வதற்கு ஒரு குட்டித் திரை இருக்கிறது. தீப்பெட்டி அகலம்கூட இல்லை, அதற்குள் ஆயிரக்கணக்கான கட்டங்கள். ஒவ்வொரு கட்டமும் தன் பங்கு ஒளியைத் துளியூண்டு தாமதப்படுத்தி அனுப்பும். மறுபக்கம் வெளிச்சம் கூடினால் கம்ப்யூட்டர் அதை அப்படியே வைத்துக்கொள்ளும், குறைந்தால் வேறு மாதிரி மாற்றிப் பார்க்கும். அவருடைய பழைய கம்ப்யூட்டருக்கு இதற்கு மூன்று மணி நேரம் ஆகும்.

எதற்கு இதெல்லாம் என்று நானும் கேட்டேன். என்றைக்காவது தோலைக் கீறாமல் உடம்புக்குள் பார்க்க உதவும் என்றார். என்றைக்கு? தெரியாதாம். இவரை நம்பி நான் ஃபேனை அணைத்துவிட்டு உட்கார்ந்திருக்கிறேன்...

ஆனால் அந்த ஞாயிறு விளையாட்டல்ல. குட்டித் திரை இரவல். வெளியூர் ஆய்வகம் ஒன்று ஒரு மாதத்துக்குக் கொடுத்திருந்தது. திங்கள் காலையில் கூரியர்காரர் வந்து வாங்கிப் போய்விடுவார். சொந்தமாக ஒன்று வாங்க இவர் மூன்று முறை விண்ணப்பம் போட்டு, மூன்று முறையும் முடிவு எதுவும் காட்டவில்லை என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். முடிவு காட்டத் திரை வேண்டும், திரை கேட்க முடிவு வேண்டும்! புள்ளி விழுந்ததற்கு ஒரு படம் கையில் இருந்தால் மட்டுமே நான்காவது முறை கேட்க முடியும். இல்லையென்றால் ஆறு வருஷத்தையும் மூட்டை கட்டிப் பரணில் போட வேண்டியதுதான்.

வார நாட்களில் கல்லூரிக்கு வெளியே துறைமுகத்துக்குப் போகிற கண்டெய்னர் லாரிகள் ஓயாது. மேசை ஆடும், புள்ளி தொலையும். ஆகவே ஞாயிறு மட்டும்தான். முதல் ஞாயிறு கரண்ட் போனது. இரண்டாவது ஞாயிறும் கரண்ட்தான். மூன்றாவது ஞாயிறு இவரே மேசைமேல் தும்மினார். நான்காவது, கடைசி ஞாயிறு. மாணவர்கள் லீவில் ஊருக்குப் போயிருக்க, பத்து நிமிஷத்துக்கு ஒருமுறை வெளிச்சத்தின் அளவைக் குறித்துவைக்கும் உதவியாளராக நான் நியமிக்கப்பட்டேன். சம்பளம், ஒரு பாட்டில் வெதுவெதுப்பான தண்ணீர்.

பத்தரை மணி. அளவு ஏறிக்கொண்டே வந்தது. மனிதர் முகத்தில் கல்யாணக் களை. படம் எடுத்துவிடுங்கள் என்று தலைபாடாக அடித்துக்கொண்டேன். இன்னும் கொஞ்சம் கூடட்டும் என்றார். அதற்குள் இரவல் கொடுத்தவர்களிடமிருந்து போன். எதையும் தொடாதே என்று சொல்லிவிட்டுப் பேச வெளியே போனார்.

இங்கே எங்கள் ஊரைப் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். ஒரு பக்கம் உப்பளக் காற்று, இன்னொரு பக்கம் நிலக்கரித் தூசி. மில்லர்புரத்தில் எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசையை நாளைக்கு நாலு தடவை துடைக்கிறேன். அடுத்தவர் வீட்டுக்குப் போனாலும் நாற்காலியைக் கையால் ஒரு தட்டு தட்டித் துடைத்துவிட்டுத்தான் உட்காருவோம், வீட்டுக்காரர்கள் யாரும் முறைக்க மாட்டார்கள். இது எங்களுக்கு மூச்சு விடுகிற மாதிரி. யோசித்துச் செய்வதில்லை.

ஆறு வருஷப் புள்ளி எப்படித்தான் இருக்கும் என்று மேசையை மூடியிருந்த கறுப்புத் துணியைத் தூக்கிப் பார்த்தேன். சிப்பிச் சீவல்மேல் மெல்லிசாகத் தூசி படிந்திருந்தது. என் கை தானாகப் போனது. சேலை முந்தானையால் ஒரே ஒரு துடை.

அவர் திரும்பி வந்து கம்ப்யூட்டரைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"ஏளா, இங்கன இருந்த புள்ளி எங்க?"

"தூசியாக் கெடந்துச்சு. லேசாத் துடைச்சேன்" என்றேன்.

அவர் சத்தம் போடவில்லை. சத்தம் போட்டிருந்தால் நானும் பதிலுக்குப் போட்டிருப்பேன், சரியாகியிருக்கும். ஸ்டூலில் உட்கார்ந்துகொண்டு, "அந்தத் தூசியையும் சேத்துத்தான் மூணு மணி நேரமா கணக்குப் போட்டுச்சு" என்றார்.

சீவல் மயிரிழை நகர்ந்தாலே அத்தனை சந்தும் மாறிவிடுமாம். நானோ நகர்த்தியதோடு நில்லாமல் துடைத்தும் வைத்திருக்கிறேன். வெட்கமாக இருந்தது. அதைவிட ஆத்திரமாக இருந்தது... அப்போதே படம் எடுத்துத் தொலைத்திருந்தால் என்ன? இந்த மனிதருக்கு எதிலும் போதும் என்ற வார்த்தையே கிடையாது. சமையலில் மட்டும் உண்டு.

பதினொரு மணிக்கு முதலிலிருந்து தொடங்கினார். நான் கைகளைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தேன். பசி, புழுக்கம், மைனியின் மூன்று மிஸ்டு கால். ஒன்றரை மணிக்கு அளவு மறுபடி மேலே வந்தபோது தரை லேசாக அதிர்ந்தது. அளவு சரசரவென்று இறங்கியது. சுவருக்கு வெளியே ஒரு லாரி.

ஓடினேன். இந்த வயதில், அந்த வெயிலில், செருப்புகூடப் போடாமல் ஓடினேன். காம்பவுண்டை ஒட்டி ஒரு கண்டெய்னர் லாரி நின்றது, என்ஜின் உறுமிக்கொண்டிருந்தது. டிரைவருக்கு முப்பது வயது இருக்கும், சுடலை என்று பெயர். ஒரு அரை மணி நேரம் அணைத்துவையுங்கள் தம்பி என்று கெஞ்சினேன்.

"அணைக்க முடியாதுக்கா. உள்ள பூரா எறா. ஐஸ் எறங்கிட்டுன்னா என் சோலி முடிஞ்சுது."

என்னத்தைச் சொல்ல? உள்ளே வெளிச்சம் ஆடுகிறது என்று சொன்னேன். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு தேர்க் கூட்டம், சந்து, டீக்கடை எல்லாவற்றையும் நடுரோட்டில் நின்று ஒரே மூச்சில் ஒப்பித்தேன். எல்லாம் என் முந்தானையால் வந்த வினை என்பதையும் மறைக்கவில்லை. சொல்லும்போது அழுகை வந்துவிட்டது, அது நானே எதிர்பாராதது. சுடலை ஏறி உட்கார்ந்து, லாரியை நாலு தெரு தள்ளிக் கொண்டுபோய் நிறுத்தினார். ஒரே ஒரு நிபந்தனை, அந்தப் புள்ளியை அவருக்கும் காட்ட வேண்டும்.

இரண்டே முக்காலுக்குப் புள்ளி விழுந்தது. இந்த முறை நான் சொல்லுமுன்பே படம் எடுத்தார். ஒன்றல்ல, நாற்பது.

கிளீனரை லாரியில் காவலுக்கு வைத்துவிட்டு, சொன்னபடி சுடலை வந்தார். கம்ப்யூட்டரில் குனிந்து பார்த்தார். கறுப்பில் ஒரு வெள்ளைப் பொட்டு. வெகுநேரம் பார்த்துவிட்டு என் பக்கம் திரும்பினார்.

"இம்புட்டுத்தானாக்கா? இதுக்கா வண்டியத் தள்ளிப் போடச் சொன்னிய?"

எனக்கு வந்ததே கோபம்! இத்தனைக்கும் காலையிலிருந்து நான் மனசுக்குள் கேட்டுக்கொண்டிருந்ததும் அதே கேள்விதான். சிப்பிக்கு அந்தப் பக்கம் வழி தெரியாமல் போயிருக்க வேண்டிய ஒளி தம்பி இது, எல்லாம் ஒரே இடத்துக்கு வந்து நிற்கிறது, நன்றாகப் பார் என்று நான் பாட்டுக்குப் பொரிந்து தள்ளினேன். என் வீட்டுக்காரர் கம்ப்யூட்டரை விட்டுவிட்டு என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். என்னை அவர் அப்படிப் பார்த்து ரொம்ப வருஷமாயிற்று.

போகும்போது சுடலை, சிப்பியைத் திறக்காமலே உள்ளே முத்து இருக்கிறதா என்று இனிமேல் பார்த்துவிடலாமா என்று கேட்டார். முடியாது என்று இவர் காரணங்களை அடுக்கத் தொடங்குமுன், என்றைக்காவது பார்க்கலாம் என்று நானே சொல்லி அனுப்பிவைத்தேன்.

திங்கட்கிழமை திரை ஊர் திரும்பியது. நான்காவது விண்ணப்பம் அன்று மாலையே போனது, படத்தோடு. பதில் வரும்போது வரட்டும்.

ராத்திரி சாப்பாட்டு மேசையில் வழக்கம்போல் தூசி. துடைக்கத் துணியை எடுத்தேன். மனிதர் பதறிப்போய் எழுந்து வந்தார்.

"துணியக் கீழ வை. இனிமே நான் துடைக்கேன்."

இன்று வரை அவர்தான் துடைக்கிறார், நாளைக்கு நாலு தடவை. ஒளியை வழிக்குக் கொண்டுவர அவருக்கு ஆறு வருஷம் ஆனது... அவரை வழிக்குக் கொண்டுவர எனக்கு ஒரு முந்தானை!