இரண்டேகால் வளையல்

என் கைக்கு இரண்டரை அளவு வளையல். என் கொழுந்தனார் மனைவிக்கு இரண்டேகால். கால் அங்குலம்தானே என்று தோன்றும். அந்தக் கால் அங்குலத்துக்காக நான் நாலு வருஷம் உள்ளுக்குள் எரிந்திருக்கிறேன்.

சுதந்திரம் வந்து பத்துப் பன்னிரண்டு வருஷம் ஆகியிருக்கும். மேலகரத்தில் வீடு. மாமனார் இல்லை. அத்தை, அவள் மகன்கள் இரண்டு பேர், மருமகள்கள் நாங்கள் இரண்டு பேர். மூத்தவள் நான். தென்காசியில் மில் இருந்தாலும் மில் அரிசி அத்தைக்கு ஆகாது. விடிந்ததும் உரலில் நெல் குத்தியாக வேண்டும்.

சாரல் தொடங்கியதும் அத்தை எங்களைக் குற்றாலத்துக்குக் கூட்டிப்போய் அருவியில் குளிக்க வைத்து, கோயில் பக்கத்துக் கடையில் வளையல் போட்டுவிடுவாள். வளையல்காரர் கையைத் தன் மடியில் வாங்கி வைத்துக்கொண்டு, விரல் கணுக்களைப் பிசைந்து, கட்டைவிரலை உள்ளே மடக்கி, ஒவ்வொன்றாக ஏற்றுவார். சின்னவள் கையைத் தொட்டதுமே அவர் முகம் மலர்ந்துவிடும்.

“எலும்பே இல்லாத கை தாயி இது. நான் போடவே வேண்டாம், தானா ஏறுது.”

அடுத்து என் கை. “கொஞ்சம் பல்லக் கடிச்சுக்கோங்க தாயி. உலக்க பிடிச்ச கைலா, எலும்பு வழிவிட மாட்டேங்கு.”

கடையில் நிற்கிற பெண்கள் சிரிப்பார்கள். நான் தலையைக் குனிந்துகொள்வேன். எதிர்த்து ஒரு சொல் பேச எனக்கு வராது. வீட்டிலும் அப்படித்தான். அத்தை கேட்டால் ‘உம்’ என்பேன், அவ்வளவுதான்.

சின்னவள் வந்த நாலாவது வருஷம் தை மாதத்துக் குளிரில் அவளுக்குக் கை வலி தொடங்கியது. காலையில் எழுந்தால் விரல் மடங்கவில்லை என்பாள். துடைப்பம் பிடிக்க முடியாது, துணி பிழிய முடியாது. வைத்தியர் வந்து பார்த்து, வாதம், உலக்கையைத் தொடக் கூடாது என்று சொல்லிவிட்டுப் போனார். அவள் பங்கு நெல்லும் என் உரலுக்கு வந்தது.

வேலையைக்கூடப் பொறுத்துக்கொண்டேன். அத்தை தினமும் அவள் கையை எடுத்து வைத்துக்கொண்டு, சுட வைத்த தைலத்தை ஒவ்வொரு விரலாகத் தடவினாளே, அதைத்தான் பொறுக்க முடியவில்லை. நான் வந்து எட்டு வருஷத்தில் என் தலையில் ஒரு சொட்டு எண்ணெய் வைத்ததில்லை அவள்.

அதோடு, மத்தியானம் சாப்பிட்டு முடித்ததும் சின்னவள் பிச்சிப்பூவை மடியில் கொட்டிக்கொண்டு கட்ட உட்கார்ந்துவிடுவாள். காலையில் மடங்காத விரல் அப்போது மடங்கும். நெருக்கமாக, இடைவெளியே தெரியாமல் கட்டுவாள். காலையில் இறுகி, வெயில் ஏற ஏற இளகுகிற மூட்டு நோய் ஒன்று உண்டு என்று எங்களில் யாருக்குத் தெரியும்? நெல் குத்துகிற நேரத்துக்கு மட்டும் வருகிற வலி என்றுதான் நான் நினைத்தேன். நினைக்க எனக்கு ஆசையாகவும் இருந்தது.

ஆனியில் சாரல் விழுந்தது. ஒருநாள் அத்தையிடம் நானாகப் போய்ப் பேசினேன்.

“மத்தியானமானா மட்டும் பூ கட்டுதாளே அத்தை.”

அத்தை வெற்றிலையை மெல்லுவதை நிறுத்தினாள். “என்னளா சொல்லுத? நடிக்காள்ங்கியா?”

“எனக்கென்ன தெரியும். வளையல் போட்டா தெரிஞ்சுரும்லா. வலிக்குத கைல வளையல் ஏறாது.”

மறுநாள் மத்தியானம் வண்டி கட்டிக் குற்றாலம் போனோம். வளையல்காரர் சின்னவள் கையை மடியில் வைத்து ஒருதரம் அமுக்கியவர், நிறுத்திவிட்டு அவள் முகத்தைப் பார்த்தார்.

“கை கொஞ்சம் ஊதியிருக்கே தாயி. இந்தத் தடவ ரெண்டரை போட்டுக்கிடுவோமா?”

அவள் திரும்பி என் கையைப் பார்த்தாள். “ரெண்டரையா? அது அக்கா அளவுலா. எனக்கு எப்பவும் போடுததயே போடுங்க அண்ணாச்சி.”

கைக்கு ஆறு, சிவப்புக் கண்ணாடி. அவள் கண்ணில் நீர் நின்றது, வாயில் சிரிப்பும் நின்றது. பன்னிரண்டும் ஏறிவிட்டன. அத்தை பணத்தை எண்ணிக் கொடுத்தாள். வீட்டுக்கு வந்து வண்டியைவிட்டு இறங்கியதும், “நாளைக்குக் காலைல ஒன் பங்கு நெல்ல நீயே குத்துளா” என்றாள். அன்று ராத்திரி நான் இரண்டு பிடி சோறு கூடுதலாகச் சாப்பிட்டேன்.

காலையில் உரலடிக்கு வந்தவள் உலக்கையைத் தொடவில்லை. இரண்டு கையையும் என் முன்னால் நீட்டினாள். விரல் கணுக்களும் மணிக்கட்டும் புடைத்து, வளையல்கள் சதையில் புதைந்து கிடந்தன.

“கழட்டி விடுங்கக்கா. ஒடைச்சிராதீங்க. அவுக நல்லா இருக்கணும்.”

நெல்லும் பாத்திரமும் அடுக்கியிருக்கும் அரங்குவீட்டுக்குள் கூட்டிப்போய் விளக்கெண்ணெய் ஊற்றினேன். அவள் கையை அதுவரை நான் தொட்டதே இல்லை. ஒவ்வொரு கணுவும் அடுப்பிலிருந்து இறக்கிய சட்டி மாதிரி சுட்டது. தொட்டால் மெத்தென்று, வெந்த கிழங்கு போல இருந்தது. இப்படி ஒரு கையில் யாரும் நடிக்க முடியாது. சேலைத் தலைப்பைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். ஆறாவது வளையல் வரும்போது, “அத்தைட்ட நீங்கதான சொன்னீங்க?” என்றாள். நான் எண்ணெயை எடுத்து இன்னும் கொஞ்சம் ஊற்றினேன்.

பன்னிரண்டும் உடையாமல் வந்தன. அவள் எழுந்து வெளியே போனாள்.

இனி வருவதை இத்தனை வயதுக்குப் பிறகும் எழுதக் கூச்சமாகத்தான் இருக்கிறது. எல்லாம் தெரிந்த பிறகும், அந்த இரண்டேகால் வளையலில் ஒன்றை எடுத்து என் கையில் ஏற்றினேன். எண்ணெய்க் கைதானே, போகும் என்று பார்த்தேன். கணுவில் நின்றது. அழுத்தினேன். உடைந்தது. இன்னொன்றை எடுத்தேன். அதுவும் உடைந்து விரலைக் கிழித்துவிட்டது.

வாசலுக்கு வெளியிலிருந்து அவள் குரல் வந்தது. “ஏறலியாக்கா?”

சத்தம் கேட்டு அத்தை வந்துவிட்டாள். தரையில் சிவப்புத் துண்டுகள், பக்கத்தில் முழு வளையல் பத்து. “யாரு வளையல்ளா இது? அவளாக் கழட்டினாளா? நேத்து அப்படி ஏறிச்சு, இன்னைக்கு இப்படி எறங்கிட்டா?”

பேசாமல் இருந்திருக்கலாம். நான் பேசாமல் இருப்பது யாருக்கும் புதிதல்ல. சின்னவள் மறுபடி உலக்கையைப் பிடித்திருப்பாள். வாசலில் அவள் என்னைத்தான் பார்த்துக்கொண்டு நின்றாள், கையைத் தொங்கப் போடாமல் நெஞ்சோடு வைத்துக்கொண்டு.

“நாந்தான் கழட்டினேன் அத்தை. கை கொதிக்கு. மெய்தான். நடிக்கல.”

அத்தை போய் அவள் கையைத் தொட்டுப் பார்த்தாள். அப்புறம் நடந்ததெல்லாம் வேகம். கொழுந்தனார் வண்டி கட்டினார். தென்காசியில் இங்கிலீஷ் டாக்டரிடம் காட்டுவது என்று முடிவானது. சுமங்கலி வெறுங்கையாகப் போகக் கூடாது என்று, மஞ்சள் தேய்த்த நூலை அவள் மணிக்கட்டு இரண்டிலும் அத்தையே நோகாமல் தளர்வாகக் கட்டிவிட்டாள். என் விரலில் ரத்தம் வடிந்ததை ஒருவரும் கேட்கவில்லை.

“ஏளா மூத்தவளே, அவளால ஏலாதுலா. நீ பூவக் கட்டி அவ தலைல வச்சு விடு.”

கிழிந்த விரலோடு உட்கார்ந்து பிச்சிப்பூ கட்டி வைத்துவிட்டேன். கொழுந்தனார் அவளைத் தோளைப் பிடித்து வண்டியில் ஏற்றி உட்காரவைத்தார். திரும்பும்போது ஹோட்டலில் காபி வாங்கிக் கொடுப்பார் என்று எனக்குத் தெரியும். உண்மையைச் சொல்லிவிட்டால் மனசு லேசாகும் என்பார்கள். எனக்கு அப்படி ஒன்றும் ஆகவில்லை.

வண்டி நகரும்போது அவள் வீங்கின கையைப் பின்னால் கொண்டுபோய்ப் பூவைத் தடவிப் பார்த்தாள்.

“அக்கா, எட்ட எட்டக் கட்டியிருக்கீங்க!”

உரலில் இரண்டு பேர் பங்கு நெல்லும் அப்படியே கிடந்தது. நான் போய் உலக்கையை எடுத்தேன்.