பின்பக்கம் மாறிப்போன படங்கள்

மூன்று வருடங்களுக்கு முன், ஏப்ரல் மாதக் கடைசியில், பர்மாவில், யாங்கூன் நகரின் மிங்கலா தாங்ஞுன்ட் பகுதியில், ரயில் பாதையை ஒட்டிய எங்கள் நகலெடுக்கும் கடையில் நடந்தது இது. இயந்திரங்களை என் கணவர் பார்த்துக்கொள்வார். தாள் அடுக்குவது, வெட்டுவது, உறை போடுவது என் வேலை. என் படிப்பு எட்டாம் வகுப்போடு நின்றுவிட்டது. ஆங்கிலத்தை எழுத்துக்கூட்டித்தான் படிப்பேன். கடைக்கு வருகிறவர்களிடம் பேசவும் கூச்சம். "உனக்கு வாய் இருக்குன்னே வர்றவங்களுக்குத் தெரியாது" என்று அவர் கேலி செய்வார்.

ஒரு வெள்ளிக்கிழமை பதினேழு வயதுப் பெண் ஒருத்தி வந்தாள். அப்பா தமிழர், அம்மா பர்மியர். தமிழை ஒவ்வொரு சொல்லாகத் தேடித்தான் பேசினாள். பள்ளியில் படிக்கும்போதே கல்லூரி அளவில் ஒரு பாடம் எடுத்திருக்கிறாளாம். உலகத்துச் சிலைகள், ஓவியங்கள், கோயில்களின் வரலாறு. மொத்தம் இருநூற்றைம்பது படங்கள்.

"படத்தைக் காட்டி, இது என்ன, எந்தக் காலம், எதுல செஞ்சது, எதுக்குச் செஞ்சதுன்னு கேப்பாங்க அன்டி. இதுல நல்லா வந்தா வெளிநாட்டுக் காலேஜுல இடம் கேக்கலாம்" என்றாள்.

அட்டையின் ஒரு பக்கம் படமும் மறுபக்கம் விவரமும் வேண்டும். என் கணவர் படங்களை எல்லாம் அச்சடித்து முடித்தார். ஜும்மா தொழுகைக்கு நேரமாகிவிட்டது. "மை காஞ்சதும் அடுக்கைத் திருப்பி வச்சுப் பின்பக்கம் அடிச்சுடு, கரண்ட் போறதுக்குள்ள முடிச்சுடு" என்று சொல்லிவிட்டுக் கிளம்பினார்.

மை காய்ந்ததா என்று அட்டைகளைப் புரட்டினேன். நடுவில் ஒரு பயா படம். எங்கள் ஊரில் புத்தரைப் பயா என்போம். அதற்கு மேலே ஆடையில்லாத ஆண் சிலை ஒன்று இருந்தது. எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. பயா படத்தைத் தரையில் வைப்பதோ கண்டதற்கும் அடியில் வைப்பதோ இங்கே பெரிய தப்பு. அதிலும் நாங்கள் முஸ்லிம்கள். எங்கள் கடையில் இருந்து அப்படி ஒரு பேச்சு கிளம்பிவிடக் கூடாது என்ற கவனம் எனக்கு எப்போதும் உண்டு.

பயா படங்களை எல்லாம் பொறுக்கி எடுத்தேன். எடுக்கும்போதே கஃபாவின் படமும் குர்ஆன் பக்கம் ஒன்றும் கண்ணில் பட்டன. அவற்றை விட மனம் வருமா? பிறகு நடராஜர். அவரை மட்டும் அடியில் விடுவது நியாயமா? ஏசுநாதரும் மரியம்மையும் எடுக்க எடுக்க வந்துகொண்டே இருந்தார்கள். எல்லோரையும் மேலே வைத்தேன். மற்றவை கீழே போயின. மனதுக்கு நிம்மதியாக இருந்தது. அடுக்கைத் திருப்பி வைத்துப் பின்பக்கம் அடித்தேன். மாலையில் அந்தப் பெண் வந்து வாங்கிக்கொண்டு, "அழகா இருக்கு அன்டி" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

பத்து நாள் கழித்து அவளோடு படிக்கும் வேறொரு மாணவி அதே படங்களை அச்சடிக்க வந்தாள். அன்று பின்பக்கத்தையும் என் கணவரே அடிக்க உட்கார்ந்தார். நான் போன தடவை போலவே பயா படத்தை உருவப் போனேன்.

"வரிசையைக் கலைக்காதே. பின்பக்கத்து எழுத்தும் அதே வரிசையிலதானே வரும்?"

அப்போதுதான் எனக்கு உறைத்தது. போன தடவை செய்ததைச் சொன்னேன். அவர் கோபப்படவில்லை. நாற்காலியில் உட்கார்ந்து, "ஒண்ணுகூடச் சரியா இருக்காதே" என்றார்.

பரீட்சைக்கு இன்னும் நான்கு நாள்தான் இருந்தது. அந்தப் பெண் பத்து நாளாகத் தப்பாகவே மனப்பாடம் செய்திருப்பாள். அவள் கொடுத்திருந்த எண்ணுக்குப் போன் செய்தால் இணைப்பே கிடைக்கவில்லை. வந்திருந்த மாணவியிடம் வீட்டு அடையாளம் கேட்டேன். தாமுவே சந்தைக்குப் பின்னால் மூன்றாவது மாடி என்றாள். என் கணவர் தானே போவதாகச் சொன்னார். தப்பு செய்தது நான், நானே போகிறேன் என்றேன். புதிதாக ஒரு கட்டு அச்சடித்து எடுத்துக்கொண்டு பஸ் ஏறினேன். முன்பின் அறியாத வீட்டுக் கதவை நான் தனியாகத் தட்டியது அதுதான் முதல் தடவை.

அவளே கதவைத் திறந்தாள். என்னையும் கையில் இருந்த கட்டையும் பார்த்ததும் புரிந்துகொண்டாள்.

"கண்டுபிடிச்சுட்டீங்களா அன்டி?"

"உனக்கு எப்பத் தெரியும்மா?"

"அன்னிக்கே."

உள்ளே அழைத்து உட்காரவைத்து, ஒரு பிஸ்கட் டின்னைக் கொண்டுவந்தாள். அதில் நான் அச்சடித்த அட்டைகள் இருந்தன. பின்பக்கத்தில் நான் அச்சிட்டிருந்ததைக் கோடிட்டு அடித்துவிட்டு, சரியான விவரத்தைச் சின்னச் சின்ன எழுத்தில் பேனாவால் எழுதியிருந்தாள். கடைசி எழுபது எண்பது அட்டைகளில் இன்னும் எழுதவில்லை. மூன்று நாளாக இணையம் வரவில்லை, அதனால் பார்த்து எழுத முடியவில்லை என்றாள்.

"கடைக்கு வந்து ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே?"

"ஆனாடெ, அன்டி."

எங்கள் ஊரில் அடிக்கடி காதில் விழும் பர்மியச் சொல் அது. அடுத்தவருக்குச் சங்கடம் கொடுக்க மனம் வராத நிலை. நானே ஆயிரம் தடவை சொல்லியிருப்பேன்.

ஒரு அட்டையில் மட்டும் பின்பக்கம் முழுவதும் வெள்ளைத் தாள் ஒட்டியிருந்தது. திருப்பினேன். பயா படம். தாளுக்கு அடியில் என்ன இருந்தது என்று கேட்டேன். அவள் அம்மா இருந்த சமையலறைப் பக்கம் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள்.

"நாய்த் தலை மாதிரி செதுக்கின ஒட்டக எலும்புன்னு இருந்துச்சு."

எந்தத் தப்பு நடக்கக் கூடாதென்று ஒவ்வொரு படமாகப் பொறுக்கினேனோ, அதைவிடப் பெரிய தப்பை என் கையாலேயே அச்சடித்துக் கொடுத்திருக்கிறேன்.

"அதைத்தான் முதல்ல ஒட்டினேன். அம்மாகூடப் பாக்கலை. வகுப்புல எல்லாரும் சேர்ந்து படிச்சாங்க, இதை அங்க கொண்டு போகலை. யாராவது பாத்தா உங்க கடையில வேணும்னே செஞ்சதுன்னு சொல்லுவாங்க. நான் வீட்டுலயே படிச்சுக்கிட்டேன்."

நான் எதற்காக வரிசையை மாற்றினேன் என்று சொன்னேன். பயா, கஃபா, நடராஜர், ஏசுநாதர் என்று அடுக்கிய கதையைக் கேட்டு அவள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். "அப்ப யார் எல்லாரையும்விட மேல, அன்டி?" என்று கேட்டாள். எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

புதுக் கட்டை அவளிடம் கொடுத்துவிட்டு எழுந்தேன். "கொஞ்சம் இருங்க, நீங்களே கேளுங்களேன்" என்றாள். நான் படத்தைக் காட்ட, அவள் சொல்லச் சொல்ல, பின்பக்கத்தை எழுத்துக்கூட்டிச் சரிபார்த்தேன். நான் ஒரு பெயரைப் படித்து முடிப்பதற்குள் அவள் மூன்று விவரம் சொல்லிவிடுவாள். அவள் எழுதாமல் விட்டிருந்த படங்களில்தான் அதிகம் தடுமாறினாள். அவற்றையே திரும்பத் திரும்பக் கேட்டேன். வெளிச்சம் மங்கும்வரை அங்கேயே இருந்தேன்.

ஜூலையில் கடைக்கு வந்து, ஐந்துக்கு நான்கு கிடைத்ததாகச் சொன்னாள். அது நல்ல மதிப்பெண்தானாம். முன்பென்றால் தலையாட்டிவிட்டு உள்ளே போயிருப்பேன். அன்று கேட்டேவிட்டேன்: "நான் ஒழுங்கா அடிச்சிருந்தா அஞ்சு வந்திருக்குமாம்மா?"

அவள் கொஞ்சம் யோசித்தாள். "வந்திருக்கலாம் அன்டி" என்றாள். இல்லவே இல்லை என்று சமாதானம் சொல்லாமல் உள்ளதைச் சொன்னாளே என்று அவள்மேல் மதிப்புக் கூடியது. அடுத்த வருடம் அவள் வெளிநாட்டுக்குப் படிக்கப் போய்விட்டாள்.

இப்போது சந்தேகம் வந்தால் கூச்சப்படாமல் கேட்டுவிடுகிறேன். அடுத்தவர் செய்த பிழை என் கண்ணில் பட்டாலோ, அந்தப் பெண் தாள் ஒட்டியதுபோல நாலு பேர் பார்ப்பதற்குள் அதை மூடிவைத்துவிட்டு, பிறகு அவரைத் தனியாகக் கூப்பிட்டுச் சொல்லவே இன்றுவரை எனக்குத் தோன்றுகிறது.