போன் வாப்பா

முனீப் என் வீட்டு கேற்றை மூடிக்கொண்டிருக்கிறார். திறந்தது அவரில்லை, மீன்காரர். மூட வேண்டிய நான் முற்றத்தில் கதிரை போட்டுப் பேப்பர் பார்த்துக்கொண்டிருக்கிறேன். தெருவோடு போன மனிதர் நின்று, கேற்றை இழுத்து, கொளுக்கியை மாட்டி, அது சரியாக விழுந்ததா என்று ஒருமுறை ஆட்டிப் பார்த்துவிட்டு, ஒன்றுமே நடக்காததுபோல நடையைத் தொடர்கிறார். "ஸலாம் நானா" என்று என்னை அண்ணனாக்கிய குரல் வேலிக்கு அப்பாலிருந்து வருகிறது.

மூடுவதற்கென்று ஒரு மனிதர் புறப்பட்டால் கிண்ணியாவில் அவருக்கு வேலைக்குப் பஞ்சமில்லை. கிணற்று மூடி, பள்ளிவாசல் தண்ணீர்க் குழாய், தேநீர்க் கடையின் சீனிப் போத்தல், பக்கத்தில் இருப்பவரின் பேனா, எல்லாவற்றையும் மூடுவார். அதிலும் ஓர் ஒழுங்கு உண்டு. ஒருநாள் என் வீட்டு ஃப்ரிட்ஜில் தண்ணீர் எடுத்து, கதவைச் சாத்தி, இரண்டடி நடந்து, திரும்பி வந்து மறுபடி திறந்தார். உள்ளே ஒரு டப்பா மூடி இல்லாமல் இருந்ததாம். அதை மூடிவிட்டுத்தான் கதவைச் சாத்தினார்.

"உள்ளுக்குத் திறந்தத முதல்ல மூடணும் நானா. வெளியத் திறந்தத கடைசியிலதான் மூடணும். மாறினா முழுக்கப் பிழை" என்றார். மார்க்க விஷயமாக்கும் என்று நான் தலையாட்டினேன். பிறகுதான் தெரிந்தது, அது அவருடைய தொழில்.

இப்போது லீவில் வந்திருக்கும் முனீப் டோஹாவில் ஒரு கப்பல் முகவர் கம்பெனியில் மென்பொருள் எழுதுகிறார். அவருடைய சோறு எக்ஸ்எம்எல். ஒரு கப்பலில் என்ன வருகிறது, யாருக்கு வருகிறது, எந்தப் பெட்டிக்குள் எந்தப் பெட்டி இருக்கிறது என்பதையெல்லாம் ஒரு கணினி இன்னொரு கணினிக்குச் சொல்லும் எழுத்து அது. ஒவ்வொன்றுக்கும் முன்னால் பெயரெழுதிய ஒரு சீட்டு. முடிந்ததும் அதே பெயரில் மூடுகிற இன்னொரு சீட்டு. டேக் என்கிறார்கள். எத்தனை டேக் திறந்தாலும் அத்தனையையும் மூட வேண்டும். ஒன்றை விட்டாலும் துறைமுகத்துக் கணினி முழுவதையும் தள்ளிவிடும். கப்பல் வெளியே நங்கூரம் போட்டுக்கொண்டு நிற்கும்.

இதோடு போனால் பரவாயில்லை. துறைமுகத்துக்குத் துறைமுகம் கேள்வி வேறு. ஒன்று எடையை முதலில் கேட்கும்; இன்னொன்று சரக்குக்காரரின் பெயரைக் கேட்டுவிட்டுத்தான் எடைக்கு வரும். ஒன்றை மற்றதாக மாற்றிக் கொடுக்கும் விதிகளை எழுதுவதுதான் முனீபின் வேலை. மொழிபெயர்ப்பாளர் மாதிரியா என்று கேட்டேன்.

"இல்ல நானா, கலியாணத் தரகர் மாதிரி. ஒரே மாப்பிள்ளைய ரெண்டு ஊட்டுக்கு ரெண்டு விதமாச் சொல்லணும். பொய் சொல்லவும் ஏலாது."

அவருடைய மாமனார் ஆதம்பாவாவுக்கு இந்தத் தொழிலில் பெரிய மதிப்பு இல்லை. திருகோணமலைத் துறைமுகத்தில் பாரந்தூக்கும் வின்ச் இயக்கி ஓய்வு பெற்றவர் அவர். "சாமான இறக்கினது நாங்க. அது என்ன சாமான் எண்டு எழுதுறதுக்கு ஒருத்தன் கடல் தாண்டிப் போய் ஏசிக்குள்ள இருக்கணுமா?" என்று மருமகனை வைத்துக்கொண்டே கேட்பார். மருமகன் மாமனாரின் வெற்றிலைப் பெட்டியை மூடி வைப்பார்.

டோஹாவில் நான்கு பேர் ஓர் அறையில் இருக்கிறார்கள். இரண்டு மலையாளிகள், ஒரு சம்மாந்துறைக்காரர், இவர். சமையல் முறை வைத்து நடக்கிறது. காலையில் கம்பெனி பஸ், பிறகு நாள் முழுக்கக் குளிர், வெளியே இறங்கினால் அடுப்பு. மாலையில் திரும்பியதும் முகம் கழுவி, அயர்ன் செய்த சட்டை ஒன்றைப் போட்டுக்கொள்வார். கீழே சாரன்தான், அது படத்தில் விழாது. கட்டிலில் உட்கார்ந்து, எதிரே ஸ்டூலில் ஊறுகாய்ப் போத்தலில் போனைச் சாய்த்துவைத்து, கிண்ணியாவுக்கு எடுப்பார். முதுகுக்குப் பின்னால் எப்போதும் ஒரு நீலத் திரைச்சீலை. முதல் வார்த்தையும் எப்போதும் ஒன்றுதான்: "நப்லா, கேக்குதா? படம் தெரியுதா?"

நப்லா அவருடைய ஒரே மகள், ஆறு வயது. போனில் அவள் வாய் ஓயாது. பள்ளிக்கூடத்தில் யார் யாரைக் கிள்ளினார்கள் என்பதிலிருந்து கோழி எங்கே முட்டையிட்டது என்பதுவரை சொல்வாள். ஒவ்வொரு பொருளையும் போனுக்கு முன்னால் கொண்டுவந்து காட்டுவாள்; அவ்வளவு கிட்டத்தில் காட்டுவதால் அங்கே ஒன்றும் தெரியாது. பேசி முடிந்ததும் படத்தின் கீழே நடுவிலிருக்கும் சிவப்புப் பொட்டை விரலால் அமர்த்தி அழைப்பை வெட்டுவதும் அவள்தான். முனீப் ஒருநாளும் தானாக வெட்டியதில்லை. மற்றதையெல்லாம் மூடுகிற மனிதர் இதை மட்டும் அவளிடம் விட்டிருக்கிறார்.

எங்கள் பக்கத்தில் கலியாணம் முடித்தால் பெண் போவதில்லை, மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வருவார். முனீப் மூதூர்க்காரர், ஷிஃபானாவை முடித்துக் கிண்ணியாவுக்கு வந்தவர். வந்த வீட்டில் ஏற்கெனவே ஒரு வாப்பா இருந்தார். ஷிஃபானா ஆதம்பாவாவை நாளெல்லாம் "வாப்பா, வாப்பா" என்று கூப்பிடுவதைக் கேட்டு வளர்ந்த குழந்தை, தானும் அவரை அப்படியே கூப்பிட்டது. "மூத்தாப்பா எண்டு சொல்லு மகள்" என்று எத்தனையோ பேர் திருத்தினார்கள். அவள் திருந்தவில்லை. அப்படியானால் போனில் வருகிறவர் யார் என்று ஒருநாள் கேட்டபோது, அவள் கொஞ்சமும் யோசிக்காமல் "அவர் போன் வாப்பா" என்றாள்.

இதைச் சொல்லும்போது முனீபுக்கு முதலில் பெருமைதான். "ஒரே பேர்ல ரெண்டு வந்தா கொம்பியூட்டர் குழம்பும். அதுக்குத்தான் பேருக்கு முன்னால இன்னொரு சொல்ல ஒட்டுற. நேம்ஸ்பேஸ் எண்டு சொல்லுவாங்க. நான் அத வெளங்கிக்கொள்ள ஒரு மாசம் எடுத்தன். என்ட மகள் படிக்காமலே செஞ்சிட்டா."

அந்தப் பெருமை இந்த முறை விமான நிலையத்தில் முடிந்தது. அவர் கடைசியாக வந்தபோது அவளுக்கு மூன்று வயது, நினைவில்லை. இப்போது பெட்டிகளைத் தள்ளிக்கொண்டு வெளியே வந்த மனிதரை அவள் முகத்திலிருந்து கீழே பார்த்தாள். நெடுநேரம் பார்த்தாள். "உம்மா, போன் வாப்பாவுக்குக் கால் இரிக்கு" என்றாள். அதோடு ஆதம்பாவாவின் சாரனுக்குப் பின்னால் போய் நின்றவள்தான். வீட்டுக்கு வந்தும் வெளியே வரவில்லை.

பொம்மை, சொக்லட், சைக்கிள் எல்லாம் கொடுத்துப் பார்த்தார். வாங்கிக்கொண்டாள். வாங்கியதும் உம்மாவின் போனை எடுத்துக்கொண்டு குசினிக்குப் போய், அடுப்படியில் நின்று போன் வாப்பாவுக்கு எடுத்தாள். இந்தப் பக்கம், கூடத்தில் தையல் மெஷின் மேசையில் மடிக்கணினியோடு வேலை செய்துகொண்டிருந்த முனீபின் போன் அடித்தது.

"போன் வாப்பா, எங்கட ஊட்டுல ஒரு ஆள் வந்து நிக்கிறாரு."

"எப்படியான ஆள்?"

"கொறட்ட உடுறாரு. ஆனா நல்ல ஆள். எல்லாத்தையும் மூடுறாரு."

அவளுக்குத் தெரியாமல் இல்லை. தெரிவது ஒன்று, ஒத்துக்கொள்வது வேறொன்று. அன்றிலிருந்து வாப்பாவும் மகளும் ஒரே கூரையின் கீழ், நடுவில் ஒரு சுவரை வைத்துக்கொண்டு, வீடியோவில் கதைத்தார்கள். அவர் எழுந்து குசினி வாசலுக்குப் போனால் அவள் வாயை மூடிக்கொள்வாள். திரும்பிப் போய் உட்கார்ந்தால் போன் அடிக்கும். "பக்கத்து அறைக்குக் கதைக்க டேட்டா போட்டு முடியுதில்ல" என்று ஷிஃபானா என் மனைவியிடம் சொல்லிச் சிரித்திருக்கிறார். அந்தச் சிரிப்பு முகத்தில் நிற்கவில்லை என்று என் மனைவி சொன்னாள்.

ஒரு மாலை நானும் முனீபும் கிண்ணியாப் பாலத்தில் காற்று வாங்கிக்கொண்டு நின்றோம். தூரத்தில், துறைமுகத்துக்குள் போகத் தவணை கிடைக்காத கப்பல் ஒன்று சும்மா நின்றது. முனீப் அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

"எங்கட வேலையில ரெண்டு சோதினை இரிக்கு நானா" என்றார். "முதலாவது, எழுதினது ஒழுங்கா எழுதியிருக்கா, எல்லா டேக்கும் மூடியிருக்கா எண்டு பாக்கிற. அதுல பாஸானா வெல்ஃபோம்ட். ரெண்டாவது, வாங்குறவன் ஒரு சட்டம் வெச்சிரிப்பான், ஸ்கீமா எண்டு. இன்ன இடத்துல இன்னதுதான் வரணும் எண்டு அதுல இரிக்கும். அதுக்குப் பொருந்தினாத்தான் வலிட். முதலாவதுல பாஸாகி ரெண்டாவதுல பெயிலாகிற எத்தினையோ இரிக்கு. எழுத்துல ஒரு பிழையும் இராது. ஆனா அவன்ட சட்டத்துல அந்த இடத்துல அது இல்ல."

நான் பாலத்துக் கைப்பிடியில் முழங்கையை ஊன்றி அவர் பக்கம் திரும்பினேன்.

"நான் வெல்ஃபோம்ட் வாப்பா" என்றார். "மாசம் தவறாம அனுப்புறன். ஒருநாள் கூட எடுக்காம உட்டதில்ல. ஆனா அவட சட்டத்துல ஊட்டுக்குள்ள எனக்கு இடமில்ல. இந்த முறை போறதுக்குள்ள ஒருக்கா, ஒரேயொரு தரம், நேர என்ட மூஞ்சப் பாத்துக் கூப்பிட்டாப் போதும் நானா."

அந்தக் கப்பலில் என்ன இருக்கும் என்று கேட்டேன். "சிமெந்தாயிரிக்கும்" என்றார்.

பயணத்துக்கு முந்திய நாள், மேற்கிலிருந்து அடிக்கும் கச்சான் காற்று எங்கோ ஒரு மரத்தைக் கம்பியில் சாய்த்தது. காலையில் கரண்ட் போனது. சற்று நேரத்தில் போன் சிக்னலும் போனது. நான் வேலியோரம் முருங்கைக்காய் பறித்துக்கொண்டிருந்தேன். அந்த வேலிக்கு நேரே, அடுத்த வளவில், முனீப் வீட்டு அறை ஜன்னல். உள்ளே நப்லா ஒரு கதிரையில் ஏறி நின்று, போனை ஜன்னல் கம்பிக்கு நேரே உயர்த்திப் பிடித்து, விம்மிக்கொண்டிருந்தாள்.

"போன் வாப்பா வாறாரில்ல உம்மா!"

"கூடத்துலதானே இரிக்கிறாரு மகள், போய்ச் சொல்லன்" என்றார் ஷிஃபானா.

"ஏலாது. போன் வாப்பாக்குத்தான் காட்டணும்."

அவளுக்கு அன்றுதான் முதல் பல் விழுந்திருந்தது.

கூடத்தில் மடிக்கணினியை மூடும் சத்தம் கேட்டது. முனீப் வெளியே வந்தார். செருப்புப் போடவில்லை. வாசற்கதவை மூடவும் இல்லை. நான் கண்ணால் கண்டேன். அவர் வீட்டைச் சுற்றி வந்து, ஜன்னலுக்கு வெளியே, என் பக்கமாக முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார். ஜன்னல் கட்டு அவருடைய நெஞ்சளவு. அதற்குமேல் தலையும் தோளும்தான் உள்ளே தெரிந்திருக்கும். சட்டைக் கொலரை ஒருமுறை இழுத்து நேராக்கினார்.

"நப்லா, கேக்குதா? படம் தெரியுதா?"

விம்மல் நின்றது. அவள் கையிலிருந்த போனைப் பார்த்தாள். அது கறுப்பாக இருந்தது. ஜன்னலைப் பார்த்தாள். ஆளை அளந்தாள். கால் தெரியவில்லை. போனைக் கட்டிலில் போட்டாள்.

"தெரியுது" என்றாள். "போன் வாப்பா, என்ட பல்லு விழுந்திட்டு."

"காட்டுங்க பாப்பம்."

வழக்கம்போல மிகக் கிட்டத்தில் கொண்டுவந்து காட்டினாள். கை கம்பிக்குள்ளால் வெளியே வந்துவிட்டது. முனீப் தன் உள்ளங்கையைக் கீழே நீட்டினார். அவள் கொஞ்சம் யோசித்தாள். பிறகு பல்லை அதில் வைத்தாள். அவர் அதைப் பார்த்துக்கொண்டே நின்றார். நல்ல பல் என்றார், சின்னப் பல் என்றார்.

வீட்டின் முன்புறமிருந்து ஆதம்பாவாவின் சத்தம் கேட்டது. "ஆரடா கதவத் தொறந்து உட்ட? ஆடு கூடத்துக்க வந்திட்டு!" முனீப் ஜன்னலை விட்டு நகரவில்லை.

சொல்ல வேண்டியதெல்லாம் சொல்லி முடிந்துவிட்டது. நப்லா கம்பிக்குள்ளால் விரலை நீட்டி, எப்போதும் அமர்த்துகிற இடத்தில், படத்தின் கீழ்ப்பக்கம் நடுவில் அமர்த்தினாள். அந்த இடத்தில் முனீபின் தாடை இருந்தது. அன்று அவர் சவரம் செய்திருக்கவில்லை.

"வாப்பா, குத்துது" என்றாள்.

"என்ன மகள்?" என்று கூடத்துக்குள்ளிருந்து ஆதம்பாவா கேட்டார்.

"உங்கள இல்ல" என்று அவள் திரும்பாமலே கத்தினாள்.

விரலை அவள் எடுக்கவில்லை. முனீப் தாடையை அசைக்காமல், பல் இருந்த கையை மெல்ல மூடிக்கொண்டார்.