வாளோடு நின்ற எங்கள் ரீசேட்

1. ஓ.ஐ.சி. காட்டிய படம்

தீவகத்துப் பிரதேச செயலகம் ஒன்றில் இருபத்தாறு வருடம் இளைஞர் அலுவல்களைப் பார்த்தவள் நான். எந்தச் செயலகம் என்று சொல்லமாட்டேன். என் ஓய்வூதியக் கோவை இன்னும் அங்கேதான் இருக்கிறது.

ஒரு செவ்வாய்க்கிழமை காலை பொலிஸ் நிலையப் பொறுப்பதிகாரி ஓ.ஐ.சி. கையில் போனோடு வந்தார். எங்கள் பெரியவரான பிரதேச செயலாளரின் அறைக்கு என்னையும் கூப்பிட்டார்கள். போனில் மடத்துவெளிக் கடையொன்றின் கமராப் படம். பின்னேரம் நாலு மணி, நல்ல வெயில். மோட்டார் சைக்கிளில் இரண்டு பேர் வருகிறார்கள், இருவர் தலையிலும் ஹெல்மெற். பின்னால் இருந்தவன் வாளோடு குதிக்கிறான். கடைக்காரர் கையை உயர்த்தித் தடுக்கிறார். பதினொரு செக்கன்தான். திரும்பி ஓடும்போது அவன் முதுகு தெரிகிறது. ரீசேட்டில் பச்சை எழுத்தில், ‘வன்முறைக்கு விடை கொடுப்போம்’. அதற்குக் கீழே எங்கள் செயலகத்தின் சின்னம்.

பெரியவர் கண்ணாடியைப் போட்டுப் பார்த்தார்.

“சின்னம் தெளிவாத் தெரியுதோ?”

“ஓம் சேர். நல்ல பிறின்ற்.”

அடுத்ததாக வெட்டுப்பட்டவரைப் பற்றிக் கேட்பார் என்று காத்திருந்தேன்.

“இது பேப்பர்காரற்றை கைக்குப் போயிட்டுதோ?” என்று கேட்டார்.

2. மிகச் சிறப்பான இளைஞர் பங்களிப்பு

அந்த ரீசேட் எப்படி வந்தது என்பதற்கு நான்தான் பதில் சொல்லவேண்டும். மூன்று கிழமைக்கு முன் ஒரு விழிப்புணர்வுக் கருத்தரங்கு வைத்தோம். ‘இளைஞர் ஏன் வன்முறையை நாடுகிறார்கள்?’ என்பது தலைப்பு. மேலிடத்துக் கடிதத்தில் மாத முடிவுக்குள் நடத்தி முடிக்கும்படி இருந்தது. ஆகவே வன்முறைக்கான காரணத்தையும் மாத முடிவுக்குள் கண்டுபிடிக்கவேண்டியதாயிற்று.

மண்டபம் நிறைந்திருந்தது. மாதர் சங்கம் முழுதாக வந்தது. முன்பள்ளி ரீச்சர்மார் வந்தார்கள். றோல்சும் தேத்தண்ணியும் உண்டென்று கேள்விப்பட்டு முதியோர் சங்கமும் வந்தது. வாள் தூக்கக்கூடிய வயதில் மட்டும் ஒருவரும் இல்லை. எனக்குப் பதற்றமாகிவிட்டது. வாசலுக்கு ஓடிப்போய், பஸ்சுக்கு நின்ற ஒரு பெடியனைப் பிடித்தேன்.

“தம்பி, ஒரு மணித்தியாலம் வந்திருக்க ஏலுமோ? ரீசேட் தருவம்.”

வந்தான். உயரமான, மெலிந்த, அதிகம் பேசாத பெடியன். எங்கள் படப்பிடிப்பாளர் கெட்டிக்காரர். அவனை முன்வரிசையில் இருத்தி ஒரு படம், நடுவில் இருத்தி ஒன்று, சன்னலோரம் ஒன்று, கடைசி வரிசையில் ஒன்று என்று எடுத்தார். அறிக்கையில் ‘இளைஞர் பங்களிப்பு மிகச் சிறப்பு’ என்று எழுதினேன். படத்தை எண்ணிப் பார்த்தால் நாலு பேர் வரும்.

யாழ்ப்பாணத்திலிருந்து பேச வந்த வளவாளர் அறுபத்திரண்டு சிலைட் காட்டினார். போன், சினிமா, தாய்தகப்பனின் கவனமின்மை என்று காரணங்களை அடுக்கினார். கடைசியில் “கேள்வி இருந்தால் கேளுங்கோ” என்றார். அந்தப் பெடியன் கையை உயர்த்தினான். நன்றியுரைக்கு நேரமாகிவிட்டதென்று நான்தான் மைக்கை வாங்கினேன். அவன் கையை இறக்கினான்.

அவனுடைய பெயர் நிரூஜன். வரவு ஒப்பத் தாளில் இருந்தது. பொலிசார் அதை வைத்துத்தான் அவனைப் பிடித்தார்கள். எங்கள் வேலைத்திட்டத்தால் விளைந்த ஒரேயொரு நேரடிப் பயன் அது.

ரீசேட் விவகாரத்தை ஆராய மூவர் குழுவொன்றை அமைத்தார்கள். இரண்டு அமர்வுகள் நடந்தன. இனிமேல் சின்னத்தை முதுகில் அச்சடிப்பதில்லை என்று முடிவாயிற்று.

3. விளக்கமறியலில்

ஒரு சனிக்கிழமை, நிரூஜனைப் பார்க்க அவன் தாயோடு விளக்கமறியல் சிறைக்குப் போனேன். ஒருவரும் என்னை அனுப்பவில்லை. அறிக்கையில் ‘மிகச் சிறப்பு’ என்று எழுதிய கை உறுத்திக்கொண்டிருந்தது.

கம்பிக்கு அந்தப்பக்கம் அவன் தாயைப் பார்க்காமல் என்னைப் பார்த்தான்.

“மிஸ் ஏன் வந்தனீங்கள்? ரீசேட்டைத் திருப்பி எடுக்கவோ?”

“அதையேன் தம்பி அண்டைக்குப் போட்டனீர்?”

“என்னட்டைக் கிழியாமல் இருந்தது அதொண்டுதான்.”

அவனுக்கு இருபத்து மூன்று வயது. ஏ.எல். சோதினை இரண்டு தரம் எடுத்தவன். தகப்பன் குடும்பத்தை விட்டு எங்கோ போய் ஏழு வருடம். தமையன் கனடாவுக்குப் போன பிறகு போன் நம்பரை மாற்றிவிட்டான்.

“கருத்தரங்கிலை என்ன கேக்க நினைச்சனீர்?” என்றேன்.

“கதைச்ச அந்த சேர், எங்களைப் போல ஒருத்தனையாவது நேரிலை கண்டவரோ எண்டு கேக்க நினைச்சனான்.”

அவனே தொடர்ந்தான்.

“படகு எஞ்சின் திருத்திற கோர்சுக்கு உங்களிட்டை மூண்டு தரம் வந்தனான் மிஸ். மூண்டு தரமும் நீங்கள் பேர் என்னெண்டு கேட்டனீங்கள். அவங்கள் ஒருக்காத்தான் கேட்டவங்கள்.”

அவங்கள் என்றால் அந்த வட்சப் குறூப். அதன் பெயரைச் சொல்லி விளம்பரம் கொடுக்க விருப்பமில்லை. ஐரோப்பாவில் ஹீற்றர் போட்ட அறையில் இருக்கும் ஒரு அண்ணை அதை நடத்தினார். மண்ணைத் துப்புரவாக்கவேண்டும், கலாசாரத்தைக் காக்கவேண்டும், நீங்கள்தான் இந்த மண்ணின் காவல் என்று குரல் பதிவு அனுப்புவார். விண்ணப்பப் படிவம் கிடையாது, கிராம சேவகரின் உறுதிப்படுத்தல் கிடையாது, பிறகு வா என்ற பேச்சும் கிடையாது. காலையில் ‘தம்பி நிரூ, சாப்பிட்டியோ?’ என்று கேட்பார். உண்மையைச் சொன்னால், நிர்வாகத்தில் அவர் எங்களைவிடத் திறம்.

“பயமா இருக்கேல்லையோ?”

“தாம்போதி ரோட்டிலை ரெண்டு பக்கமும் கடல். ஒரு கையை விட்டுட்டு மோட்டச்சைக்கிளை முழு வேகத்திலை ஓடுவம். பயம்தான் மிஸ். ஆனா அப்ப மட்டும்தான் நானும் ஒருத்தன் இருக்கிறன் எண்டு தெரியிறது. மற்ற நேரம் வீட்டிலை படுத்துக்கிடந்து முகட்டைப் பாக்கிறதுதானே.”

தாய் அழத் தொடங்கினா. குறூப்பில் இருந்து யாரும் வந்து பார்த்தார்களா என்று கேட்டேன். பிடிபட்ட அன்றே தன் நம்பரைத் தூக்கிவிட்டார்கள் என்றான். சொல்லும்போது சிரிக்கப் பார்த்தான், சரிவரவில்லை.

4. நடராசா அண்ணை

வெட்டுப்பட்ட கடைக்காரர் நடராசா அண்ணைக்கு இரண்டு விரல் மடங்காது. கஞ்சா விற்று ஊர்ப் பிள்ளைகளைக் கெடுக்கிறார் என்பதுதான் குரல் பதிவில் அவர்மேல் வந்த குற்றச்சாட்டு. அந்தக் கடையில் ஆகக்கூடிய போதை சர்க்கரைத் தண்ணி போன்ற சோடாதான். உண்மை விசாரணையில் வந்தது. ஐரோப்பிய அண்ணையின் குடும்பம் பக்கத்து வளவின் வேலியை நகர்த்தியது. அந்த வழக்கில் நடராசா அண்ணை சாட்சி. மண்ணின் காவல் என்றால் சரியாக எத்தனை முழ மண் என்று பெடியள் கேட்டுவைத்திருக்கலாம்.

பிணை கிடைத்த நாள் நீதிமன்ற வளவில் நானும் நின்றேன். நடராசா அண்ணை நேரே நிரூஜனிடம் வந்தார். பொலிஸ்காரர் இடையில் வர, கையைக் காட்டி நிறுத்தினார். கட்டுப்போட்ட கை.

“தம்பி, என்னை உமக்கு முந்தித் தெரியுமோ?”

“இல்லை.”

“என்ரை கடைக்கு ஒருநாளும் வந்திருக்கிறீரோ?”

“இல்லை.”

“அப்ப என்ன கோவம்?”

நிரூஜன் நிலத்தைப் பார்த்துக்கொண்டு, மிக மெதுவாக, “கோவம் ஒண்டும் இல்லை ஐயா” என்றான்.

நடராசா அண்ணையின் முகம் அப்போதுதான் உண்மையில் கறுத்தது. “கோவத்திலை வெட்டியிருந்தா எனக்கு விளங்கியிருக்கும்” என்று சொல்லிவிட்டு, மகனின் ஓட்டோவில் ஏறிப் போய்விட்டார். மன்னிப்பு, கட்டிப்பிடித்தல் ஒன்றும் நடக்கவில்லை. வழக்கு இன்னும் நடக்கிறது.

5. தலைப்பில்லாத கூட்டம்

இரண்டு மாதத்துக்குப் பிறகு நிரூஜன் என் மேசைக்கு வந்தான். பெயர் கேட்கவில்லை, கதிரையில் இருக்கச் சொன்னேன்.

“குறூப்பிலை இன்னும் ரெண்டு பேர் எனக்குத் தெரிஞ்சவங்கள் மிஸ். அவங்களுக்கு இப்ப வேறை ஒரு வேலை சொல்லியிருக்கு. நான் சொல்லிக் கேக்கிறாங்கள் இல்லை. உங்களிட்டைக் கூட்டிக்கொண்டு வரட்டோ?”

“நான் சொன்னாக் கேப்பினமோ?”

“கேக்கமாட்டாங்கள். நீங்கள் ஒண்டும் சொல்லாதேங்கோ.”

சனிக்கிழமை மூவரும் வந்தார்கள். பனரும் இல்லை, மைக்கும் இல்லை. தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்துவிட்டு நானும் அவர்களோடு இருந்தேன். “மிஸ் எப்ப தொடங்குவியள்?” என்று ஒருவன் கேட்டான். “நான் கதைக்கேல்லை” என்றேன். சந்தேகமாகப் பார்த்தான். பிறகு அவன்தான் தொடங்கினான். தொடங்கியவன் இரண்டு மணித்தியாலம் நிறுத்தவில்லை. அவன் சொன்னதை இங்கே எழுதுவதாக இல்லை. என்னை நம்பிச் சொன்னது.

திங்கட்கிழமை பெரியவர் கூப்பிட்டார்.

“என்ன தலைப்பு மிஸ்?”

“தலைப்பில்லை சேர்.”

“வளவாளர் ஆர்?”

“ஒருத்தரும் இல்லை.”

“தலைப்பில்லாமல் நான் என்னெண்டு அறிக்கை அனுப்புறது?”

அனுப்பவில்லை. ஆனாலும் கூட்டம் நாலு சனிக்கிழமை நடந்தது. பெருவெற்றி என்று நினைத்துவிடாதீர்கள். மூவரில் ஒருவன் மூன்றாம் கிழமை நின்றுவிட்டான், இப்போது வேறு வழக்கில் உள்ளே இருக்கிறான். மற்றவன் எஞ்சின் கோர்சுக்குப் போகிறான். நிரூஜன் குறிகட்டுவான் துறையில் நெடுந்தீவுப் படகுக்குச் சாமான் ஏற்றுகிறான்.

இந்த வேலைக்குப் புதிதாக வருகிற பிள்ளைகளுக்கு ஒன்றே ஒன்று சொல்கிறேன். இளைஞர் ஏன் அந்தப் பக்கம் போகிறார்கள் என்று கண்டறிய அறுபத்திரண்டு சிலைட் தேவையில்லை. நான் ஓய்வுபெறும் கிழமை அலுமாரியைத் துப்புரவாக்கினேன். பயிற்சி விண்ணப்பக் கோவையில் அந்த மூன்று பேரின் படிவங்களும் இருந்தன. மூன்றிலும் அவர்கள் குறூப்பில் சேர்வதற்கு முந்திய திகதி. மூன்றின் ஓரத்திலும் ‘பின்னர் பார்க்க’ என்று எழுதியிருந்தது. கையெழுத்து என்னுடையது.