அப்பளக் காரும் ஒரு மாஷா அல்லாஹ்வும்

சேக் முகம்மதுவின் காலடியில் பிரேக்கும் கிளட்சும் உண்டு. கையில் ஸ்டியரிங் கிடையாது. மேலப்பாளையத்தில் இருபத்தாறு வருஷமாக டிரைவிங் ஸ்கூல் நடத்துகிறவருக்கு வேறு எப்படி இருக்கும்? இடதுபக்கம் உட்கார்ந்து "பைய, பைய" என்று சொல்லிச் சொல்லியே ஐம்பத்து நாலு வயதாகிவிட்டது. ஊரில் பாதிப் பேர் அவரிடம் வண்டி பழகியவர்கள்தான். தன் ஆசைக்கென்று அவர் ஒரு நாள்கூட வண்டி ஓட்டியதில்லை.

ஆசை இல்லாமலா? கல்லிடைக்குறிச்சியில், அப்பள வியாபாரி குமரகுருபரன் அண்ணாச்சி வீட்டுப் பின்கட்டில் ஒரு பழைய ஸ்டாண்டர்டு ஹெரால்டு கார் நின்றது. இரண்டே கதவு, கூரைக்குப் பதில் மடக்குகிற கித்தான். ஒரு காலத்தில் பந்தயத்தில் ஓடிய ரகம். இப்போது அதன் பானெட்டில் துணி விரித்து அப்பளம் காயவைத்திருந்தார்கள். பயிற்சிக்கு வருகிறவர்களைக் கடைசி நாளில் நெடுஞ்சாலைக்குக் கூட்டிவரும்போதெல்லாம் சேக் முகம்மது அங்கே இறங்கி அந்தக் காரை ஒரு சுற்றுச் சுற்றி வருவார். நாலு வருஷம் சுற்றினார். விலை ஒன்றும் பெரிதில்லை, நல்ல மோட்டார் சைக்கிள் ஒன்று வாங்குகிற காசுதான். அடுத்த மாதம், நோன்பு முடியட்டும், மழை ஓயட்டும் என்று தள்ளிக்கொண்டே போனார். உண்மை என்னவென்றால், ஊர் சிரிக்குமோ என்று பயம்.

வாய் மட்டும் சும்மா இருக்கவில்லை. சார்ஜாவிலிருந்த மச்சினன் அலி அஸ்கருக்கு அந்தக் காரைப் படம் எடுத்து அனுப்பினார். அஸ்கர் அவர் மனைவி ஃபஹ்மிதாவின் தம்பி. ஆறு மாதம் கழித்து அவன் போனில் கேட்டான்.

"மச்சான், அந்தக் காரை வாங்கிட்டியளா?"

வாங்கவில்லை என்று சொல்ல வெட்கம். "சே, அது ஓட்டை வண்டிவே. அதை யாரு வாங்குவா?" என்று பெரிய மனுஷத்தனமாகச் சொல்லிவைத்தார்.

யார் வாங்குவார்? அஸ்கர் வாங்கினான். சார்ஜா வேலையை முடித்துக்கொண்டு ஊர் வந்தவன், ஓட்டை வண்டியைப் பட்டறையில் போட்டு, செர்ரிப் பழ நிறத்தில் பெயின்ட் அடித்து, கித்தானை மடக்கிவிட்டு ஒரு திங்கட்கிழமை காலை அக்கா வீட்டு வாசலில் கொண்டுவந்து நிறுத்தினான். தெருவே கூடிவிட்டது. எதிர்வீட்டு ஜமீலா பீவி, "மாஷா அல்லாஹ், மாஷா அல்லாஹ்" என்று இரண்டு தரம் சொன்னார். வந்தவர்கள் எல்லாரும் சொன்னார்கள். அடுத்தவரிடம் நல்லது எதைக் கண்டாலும், அல்லாஹ் நாடியது என்று பொருள்படும் அந்தச் சொல்லை முதலில் சொல்லிவிட வேண்டும். சொல்லாமல் பார்த்தால் கண்ணூறு பட்டுவிடும்.

சேக் முகம்மது குனிந்து பார்த்துவிட்டு, "பின் டயரு தேஞ்சிருக்கே" என்றார்.

அன்றிலிருந்து அவருக்குச் சோறு இறங்கவில்லை. என் கார் அது, என் கார் என்று மனசு அரற்றியது. நாலு வருஷம் சுற்றிச்சுற்றி வந்தவன் நான், நாலு நாளில் தட்டிக்கொண்டு போனவன் அவன். கேட்டுவிட்டுத்தானே வாங்கினான் என்ற நியாயம் மூளைக்குத் தெரிந்தது, வயிற்றுக்குத் தெரியவில்லை. வயிறு எரிந்தது. தெருமுனையில் அந்த ஹாரன் கேட்டால், பழகுகிறவன் மேல் எரிந்து விழுந்தார்.

ஃபஹ்மிதா கவனித்துவிட்டாள். "எல்லாரும் சொன்னாவ. நீங்க மட்டும் மாஷா அல்லாஹ் சொல்லலியே?"

"மனசுக்குள்ள சொன்னேன்."

"மனசுக்குள்ள என்ன சொன்னியன்னு எனக்குத் தெரியாதாக்கும்" என்றாள்.

வெள்ளிக்கிழமை ஜும்ஆ தொழுகை முடிந்ததும் அஸ்கர் பள்ளிவாசல் முன்னால் காரோடு நின்றான். "மச்சான், ஏறுங்க. பாபநாசம் வரைக்கும் ஒரு ஓட்டம் போயிட்டு வருவோம்." நாலு பேர் முன்னால் மாட்டேன் என்று சொல்ல முடியாது. ஏறினார். இடதுபக்கம்தான்.

பத்தமடை தாண்டியதும் சாலை நீண்டது. அஸ்கர் மிதித்தான். காற்று தொப்பியைப் பறிக்கப் பார்த்தது. முன்னால் ஒரு டிராக்டர் வரவும் சேக் முகம்மதுவின் வலதுகால் தானாகப் பிரேக்கை அழுத்தியது. அங்கே பிரேக் எங்கே இருக்கிறது? வெறும் தகரம். சேரன்மகாதேவி வருவதற்குள் எட்டுத் தரம் தகரத்தை மிதித்தார். அஸ்கர் பார்த்துப் பார்த்துச் சிரித்தான். அவன் கியர் மாற்றும்போது உள்ளே பல்சக்கரம் நறநறவென்று அரைபட்டது. ஆனாலும் அவன் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம். அதைத்தான் சேக் முகம்மதுவால் தாங்க முடியவில்லை. இந்த வண்டி இங்கேயே நின்று தொலையக்கூடாதா என்று நினைத்தார்.

வீரவநல்லூர் தாண்டி, கால்வாய் ஓரத்தில், வண்டி இரண்டு தரம் இருமிவிட்டு நின்றேபோனது.

முதலில் வந்தது சந்தோஷம், ஒளிப்பானேன்? அடுத்த மூச்சிலேயே பயம் வந்தது. அஸ்கர் சாவியைத் திருகித் திருகிப் பார்த்தான். முகம் சுண்டிப்போய், "யாரு கண்ணு பட்டுச்சோ மச்சான். காலையில கூட நல்லாத்தானே ஓடிச்சு" என்றான். யார் கண் என்று சேக் முகம்மதுவுக்குத் தெரியும். ஐந்து நாளாக அந்த ஒரு சொல் தொண்டையிலேயே நிற்கிறது. இப்போதும் அதைச் சொல்லாமல் இறங்கிப் போய் பானெட்டைத் திறந்தார்.

அந்த வண்டிக்கு முன்பக்கம் முழுவதுமாக எழுந்து முன்னால் சாயும். எஞ்சின் சூட்டில் பெட்ரோல் பம்பு கொதித்தது. தொட்டதுமே புரிந்துவிட்டது: உள்ளே பெட்ரோல் ஆவியாகி வழியை அடைத்துக்கொண்டிருக்கிறது. தோளில் கிடந்த துண்டைக் கால்வாயில் நனைத்துவந்து பம்பில் சுற்றினார். மறுபடி நனைத்தார், மறுபடி சுற்றினார். கால் மணி நேரம் கழித்து, "இப்பம் போடும்" என்றார். ஒரே திருகலில் எஞ்சின் பிடித்தது.

கண் இல்லை, வெயில்தான் காரணம் என்று தெரிந்தபோது அவருக்கு ஏனோ பெரிய ஆறுதல் ஒன்றும் வரவில்லை. நின்று தொலையக்கூடாதா என்று நினைத்தது நினைத்ததுதானே.

அஸ்கர் இறங்கி வந்து வலதுபக்கக் கதவைத் திறந்து பிடித்தான். "இனி நீங்க ஓட்டுங்க."

"எனக்கு எதுக்குவே?"

"ஓட்டுங்கங்கேன்."

உட்கார்ந்தார். கிளட்சை விட்டபோது வண்டி வெண்ணெய் மாதிரி நழுவியது. கியர் ஒவ்வொன்றும் சத்தமில்லாமல் விழுந்தது. அம்பாசமுத்திரம் வந்ததும் போனதும் தெரியவில்லை. யாரிடமும் "பைய" என்று சொல்லவேண்டியதில்லை. எதிரே மலை வளர்ந்துகொண்டே வந்தது. தான் வாய்விட்டுச் சிரிப்பது அவருக்கே காதில் விழுந்தது.

இடதுபக்கத்திலிருந்து அஸ்கரின் குரல் கேட்டது. "மாஷா அல்லாஹ்."

"எதுக்குவே அது?"

"நீங்க ஓட்டுத அழகுக்கு. எனக்கு இந்தக் கை ஜென்மத்துக்கும் வராது. பாக்கப் பாக்க வயிறு எரியுது மச்சான். அதான் என் கண்ணு பட்டுரக்கூடாதுன்னு முந்திச் சொல்லிட்டேன்."

சேக் முகம்மதுவுக்குச் சுருக்கென்றது. ஐந்து நாளாகத் தான் ஒளித்துவைத்ததை இவன் ஒரு நிமிஷத்தில் சிரித்துக்கொண்டே சொல்லிவிட்டான். பாபநாசம் இன்னும் மூன்று கிலோமீட்டர் என்று கல் காட்டியது. அவர் வேகத்தைக் குறைத்தார். தொண்டையைச் செருமினார்.

"மாஷா அல்லாஹ்" என்றார்.

"வண்டிக்கா, எனக்கா?"

"ரோட்டைப் பாக்க விடும்வே" என்றார் சேக் முகம்மது. கண் கலங்கியதில் ரோடு சரியாகத் தெரியவில்லை. பக்கத்தில் அஸ்கரின் கால் வெறும் தகரத்தை ஒருதரம் மிதித்தது.